தபாலில் வந்த உலகம்

ஒசாகாவிலும் மாண்டிவிடியோவிலும் இருந்த சிலர் ஒரு காலத்தில் 602105 என்ற எண்ணைப் பிழையில்லாமல் எழுதினார்கள். ஸ்ரீபெரும்புதூரின் பின்கோடு அது. எழுதியவர்களில் ஒருவர்கூட இந்த ஊரைப் பார்த்ததில்லை. அன்றைக்கு இங்கே பார்ப்பதற்கு ஏரியும் வயலும் ஆதிகேசவப் பெருமாள் கோயிலும்தான். 1991 மே 21-இல் ராஜீவ் காந்தி இங்கே குண்டுவெடிப்பில் கொல்லப்பட்ட பிறகு ஊர்ப்பெயர் மட்டும் உலகம் பூராவும் தெரிந்துபோயிற்று. புதிதாக எழுதுகிறவர்கள் முதல் கடிதத்தில் அந்தக் குண்டுவெடிப்பைத்தான் விசாரிப்பார்கள். நான் பதிலுக்கு ஏரிக்கரைப் பனைமரங்களை வரைந்து அனுப்புவேன். இங்கே ஜனங்கள் நாற்று நடுகிறார்கள், தேர் இழுக்கிறார்கள் என்பதும் அவர்களுக்குத் தெரிய வேண்டும் என்று இருந்தது.

எழும்பூர் ஓவியக் கல்லூரியில் படித்துவிட்டு ஊர் திரும்பி, டிராயிங் மாஸ்டராக வேலைக்குச் சேர்ந்திருந்த காலம். படம் பார்க்க வேண்டுமென்றால் பஸ் ஏறியாக வேண்டும். கிழக்கே போனால் கிரீம்ஸ் ரோட்டில் லலித் கலா அகாடமி, எழும்பூரில் மியூசியம், 1966-இல் கே.சி.எஸ். பணிக்கர் தன் மாணவர்களோடு ஈஞ்சம்பாக்கத்தில் தொடங்கிய சோழமண்டலம். மேற்கே போனால் காஞ்சிபுரம். எனக்கு மேற்கேதான் மனம் இழுக்கும். கைலாசநாதர் கோயில் திருச்சுற்றில் வரிசையாக இருக்கும் சின்னச் சந்நிதிகளுக்குள் தலையை நீட்டினால், பல்லவர் காலத்துச் சுண்ணப்பூச்சில் ஒரு கண், ஒரு தோளின் வளைவு, சிவப்புக் கோடு ஒன்று மிஞ்சியிருக்கும். முழுப் படம் போய்விட்டது, கோட்டின் உறுதி போகவில்லை. திருப்பருத்திக்குன்றத்துச் சமணக் கோயிலில், சங்கீத மண்டபத்து விதானத்தைப் பார்க்க மல்லாந்து படுத்துவிடுவேன். தீர்த்தங்கரர் கதைகள் மேலே பட்டை பட்டையாக ஓடும். பார்த்ததை அன்றிரவே அஞ்சலட்டை அளவுக்குச் சுருக்கி வரைந்து கடல் தாண்டி அனுப்புவேன்.

அஞ்சல் கலை என்பது அவ்வளவுதான். படம், ஒட்டுச்சித்திரம், கையால் வெட்டிய ரப்பர் முத்திரை, தானே வரைந்த தபால்தலை, எதை வேண்டுமானாலும் அனுப்பலாம். வாங்கியவர் அதன்மேல் எதையாவது சேர்த்து இன்னொருவருக்கு அனுப்பலாம். நியூயார்க்கில் ரே ஜான்சன் 1950களில் இப்படி அனுப்ப ஆரம்பித்தார், அடுத்த பத்தாண்டில் அது நாடு தாண்டிப் பரவியது. கண்காட்சிக்கு அழைப்பு வந்தால் தேர்வுக் குழு கிடையாது, கட்டணம் கிடையாது. வந்ததெல்லாம் சுவரில் ஏறும், திரும்பி வராது. சிபாரிசு இல்லாமல் மெட்ராஸ் காலரிகளில் நுழைய முடியாமல் இருந்த எனக்கு அந்த முதல் விதியே பெரிய விடுதலை. ஒசாகாவின் ரியோசுகே கோஹன் 1985-இல் ‘பிரெய்ன் செல்’ என்று ஒன்றைத் தொடங்கினார். பலரும் அனுப்பும் முத்திரைகளையும் குட்டிப் படங்களையும் ஒரே தாளில் அச்சடித்து, கலந்துகொண்ட எல்லோருக்கும் முகவரிப் பட்டியலோடு அனுப்பிவைப்பார். அந்தத் தாளில் என் பனைமரம் ஏதோ ஒரு பிரேசில்காரரின் மீசைக்குப் பக்கத்தில் நின்றதைப் பார்த்த நாளின் சந்தோஷம் இன்னும் குறையவில்லை. இது வெறும் பொழுதுபோக்கு என்று நினைப்பவர்களுக்கு உருகுவேயின் கிளெமென்தே பாதினைச் சொல்வேன். ராணுவ ஆட்சியை விமர்சித்த அஞ்சல் படைப்புகளுக்காக 1977-இல் அவரைச் சிறையில் அடைத்தார்கள். அவரை விடுவிக்கச் சொல்லிப் பல நாடுகளின் அஞ்சல் கலைஞர்கள் குரல் கொடுத்தார்கள்.

நம் பக்கமும் இதற்கு வேர் உண்டு. சாந்திநிகேதனில் நந்தலால் போஸ் மாணவர்களுக்கும் நண்பர்களுக்கும் அஞ்சலட்டையில் வரைந்து அனுப்பிக்கொண்டே இருந்தவர். ஸ்ரீபெரும்புதூருக்கோ இன்னும் பழைய கதை இருக்கிறது. ராமானுஜர் வெளியூரில் இருந்தபோது, பிறந்த ஊரில் அவரைப் பிரிந்து ஏங்கியவர்களுக்காக ஒரு திருமேனி வடித்தார்கள், அதை அவரே ஆரத் தழுவி இங்கே அனுப்பிவைத்தார் என்பது வைணவ மரபு. தானுகந்த திருமேனி என்று அதற்குப் பெயர். தொலைவில் இருக்கிற ஒருவர் தன் ஸ்பரிசத்தை ஓர் உருவத்தில் ஏற்றி அனுப்புவதை இந்த ஊர் நூற்றாண்டுகளாக நம்பி வருகிறது.

அஞ்சலட்டைக்கு உறை கிடையாது. அதனால் என் கண்காட்சிக் கூடம் தபால் ஆபீஸ் கவுன்டர்தான். போஸ்ட்மேன் சைக்கிளை நிறுத்தும்போதே, “வாத்தியாரே, ஜப்பான்காரரு மீன் போட்டு அனுப்பிக்கிறாரு பாருங்க” என்பார். டீக்கடை பெஞ்சில் ஒரு சுற்று வந்த பிறகுதான் அட்டை என் கைக்கு வரும். ஒருமுறை தபால்தலையைப் படத்துப் பக்கமே, ஒரு பெண்ணின் முகத்துக்குப் பக்கத்தில் ஒட்டியிருந்தேன். போஸ்ட்மாஸ்டர் முத்திரையைக் கையில் பிடித்தபடி யோசித்துவிட்டுத் தபால்தலையின் ஓரத்தில் மட்டும் மெதுவாக அழுத்தினார். “மூஞ்சி மேல எப்படி சார் குத்தறது?” என்றார். என் படத்துக்குக் கிடைத்த மரியாதைகளில் அதற்கு இணையாக இன்னொன்று இல்லை.

பிறகு ஊரைச் சுற்றித் தொழிற்சாலைகள் வந்தன. 1996-இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய்க்கு அடிக்கல் நாட்டினார்கள், 1998-இல் கார் வெளியே வந்தது. 2006-இல் நோக்கியா வந்தது. 2010-இல் ஒரகடத்தில் ரெனோ-நிசான், பிறகு டைம்லர் லாரி, என்ஃபீல்டு. நோக்கியா ஆலை 2014-இல் மூடுவதற்குள் கோடிக்கணக்கான செல்போன்கள் இங்கிருந்து போயின. அந்த ஆலையின் உற்பத்தி வரிசையில் நின்று வேலை பார்த்தவர்களில் என் மாணவிகளும் உண்டு. கடிதத்தை ஓயவைத்த கருவியை எங்கள் ஊர்ப் பெண்களே பூட்டி அனுப்பினார்கள். அந்தச் சம்பளத்தில் வீடு கட்டியவர்களை, தம்பி தங்கைகளைப் படிக்கவைத்தவர்களை எனக்குத் தெரியும், அதனால் அவர்கள் உழைப்பின்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. தபால்தான் மெல்ல மெல்ல வற்றியது. 2013-இல் தந்தி போயிற்று. 2025-இல் பதிவுத் தபால் ஸ்பீடு போஸ்டோடு சேர்ந்துவிட்டது. டென்மார்க்கில் அரசு அஞ்சல் நிறுவனம் 2025 முடிவோடு கடிதம் கொடுப்பதையே நிறுத்திவிட்டது. என் முகவரிப் பட்டியலில் இருந்தவர்கள் பலர் காலமாகிவிட்டார்கள்.

அன்று உலகம் என் தெருவுக்குத் தபாலில் மட்டும்தான் வந்தது. இன்று அது நேரிலேயே வந்து குடியிருக்கிறது. கடைப் பலகைகளில் கொரிய எழுத்து. சுங்குவார்சத்திரம் பக்கம் போனால் ஒடியா, இந்தி, அசாமியப் பேச்சு. பக்கத்துக் கட்டடத்தில் எந்த ஊர்க்காரர்கள் என்று கேட்டால் வீட்டுக்காரருக்கே நிச்சயமாகத் தெரியாது. ஷிப்ட் பஸ் ஏற்றிப் போகிறது, இறக்கிவிடுகிறது. அதிகாரிகள் கறுப்புக் கண்ணாடி ஏற்றிய காரில் போகிறார்கள். ஆயிரக்கணக்கான மைல் தொலைவில் இருந்தவர்களின் கையெழுத்தை அடையாளம் கண்ட நான், எதிர்வீட்டு மாடியில் துணி உலர்த்தும் பையனின் பெயர் தெரியாமல் இருந்தேன்.

அதனால் இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் ஐம்பது பைசா அஞ்சலட்டைக் கட்டோடு ஒரகடம் கூட்டுரோட்டுப் பக்கம் ஒரு டீக்கடையில் உட்காருகிறேன். யார் வேண்டுமானாலும் வரையலாம். வீட்டுக்கு அனுப்பலாம், இல்லையென்றால் என்னிடம் விட்டுப் போகலாம். முதலில் கூச்சப்படுவார்கள். ஒடிசாப் பையன் ஒருவன் அவன் வீட்டு வாசலில் அரிசிமாவில் போடும் ஜோட்டியை வரைந்தபோது, டீக்கடை அக்கா எட்டிப் பார்த்து, “இது நம்ம மார்கழிக் கோலம்டா” என்றார். ஹசாரிபாக் பக்கத்துப் பெண் ஒருத்தி அட்டை முழுக்கக் கறுப்பு மை பூசச் சொன்னாள், மேலே வெள்ளை பூசச் சொன்னாள், அது காய்வதற்குள் சீப்பின் பல்லால் கீறி ஒரு மாட்டைக் கொண்டுவந்துவிட்டாள். அவர்கள் ஊரில் கல்யாண வீட்டு மண்சுவரில் பெண்கள் செய்யும் கோவர் வேலை அது. எழும்பூரில் நான் வருஷக்கணக்காகப் பழகிய கோட்டு வித்தை அவள் மணிக்கட்டில் பிறவியிலேயே இருக்கிறது. அவளோ தொழிற்சாலையில் நாளெல்லாம் ஒரே ஸ்குருவை முடுக்குகிறாள். எந்தக் காலரியும் அவளைத் தேடி வரப்போவதில்லை. “அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது சார். இது பாத்தா தெரியும்” என்று தொழிற்சாலை வரிசையில் கற்ற தமிழில் சொன்னாள். முகவரிப் பக்கத்தை நான் எழுதவில்லை, அவளையே இந்தியில் எழுதச் சொன்னேன்.

என்னிடம் விட்டுப்போன அட்டைகளை வல்லக்கோட்டை முருகன் கோயிலுக்குக் கூட்டம் வரும் கிருத்திகை நாளில், ரோட்டோரம் கொடி கட்டிக் கிளிப் போட்டு மாட்டினேன். வந்தது அத்தனையும், ஒன்றையும் ஒதுக்காமல். காரை ஓரங்கட்டி இறங்கிய கொரியர் ஒருவர் சீப்பில் கீறிய மாட்டின் முன்னால் வெகுநேரம் நின்றார். விசிட்டிங் கார்டை நீட்டினார். நான் ஒரு வெற்று அட்டையை நீட்டி, வீட்டு முகவரி கேட்டேன். உல்சானில் இருக்கும் அம்மாவின் முகவரியை அவர்கள் எழுத்தில் நிதானமாக எழுதிவிட்டு, படம் போட இன்றைக்கு நேரமில்லை, அடுத்த ஞாயிறு டீக்கடைக்கே வருகிறேன் என்றார். தூரிகை தன்னிடம் இருக்கிறதாம். உல்சானுக்கு எத்தனை ரூபாய் ஸ்டாம்பு என்று தபால் ஆபீஸில் கேட்டு வாங்கி வைத்திருக்கிறேன்.