விசிலை மட்டும் விட்டுறாதீக தம்பி

வாங்க தம்பி, இப்படித் திண்ணையில உக்காருங்க. நம்மூர் ஹைஸ்கூலுக்குப் புதுசா வந்திருக்கிற பி.டி. சாரு நீங்கதான? யாரும் சொல்லலை, கழுத்துல தொங்குற விசிலைப் பாத்தே தெரிஞ்சுக்கிட்டேன். கோவில்பட்டிக்குப் பக்கத்துல விளையாட்டு வாத்தியாரா வர்றது லேசுப்பட்ட காரியமா? எங்க சீமைக்குப் பேரு வாங்கிக் குடுத்தது கடலைமிட்டாயும் ஹாக்கி மட்டையும்தான். நான் படிச்சது அஞ்சாப்பு. ஆனா இந்தத் திண்ணைக்கு நேர் எதிர்லதான் உங்க கிரவுண்டு. உங்களுக்கு முன்னால வந்த அத்தனை பி.டி. சாரையும் இங்க இருந்தே பாஸ் போட்டு அனுப்புனவன். அந்த உரிமையில சொல்றேன், கோவிச்சுக்கிடாம கேளுங்க.

மொதல்ல, பந்தை எல்லாம் வெளிய எடுத்துறாதீக. விளையாட்டு ரூம்ல நாலஞ்சு பந்து கிடக்கும். அது தேஞ்சு போச்சுன்னா ஸ்டாக் ரிஜிஸ்டர்ல யாரு எழுதுறது? ஒரே ஒரு பந்தை எடுத்து, 60 பிள்ளைகளையும் ரேஷன் கடையில மண்ணெண்ணெய்க்கு நிக்கிற மாதிரி ஒருத்தன் பின்னால ஒருத்தனா நிறுத்துங்க. பாக்குறதுக்கு என்ன ஒழுங்கு! மாடியில இருந்து ஹெச்.எம். எட்டிப் பாத்தா அவரு மனசு குளுந்துரும்.

அந்த வரிசைக்கு நான் ஒரு கணக்குப் போட்டு வச்சிருக்கேன். பீரியடு 40 நிமிசம். வகுப்புல இருந்து நடந்து வர அஞ்சு, வரிசை கட்ட அஞ்சு, கையைக் காலை ஆட்ட அஞ்சு, திரும்பிப் போக அஞ்சு. மிச்சம் 20. அதை 60 பிள்ளைக்குப் பங்கு போட்டா ஆளுக்கு 20 செகண்டு. அஞ்சு வயசுல இருந்து பதினேழு வயசு வரைக்கும் உள்ள பிள்ளை சராசரியா ஒரு நாளைக்கு 60 நிமிசமாச்சும் மூச்சு வாங்க ஓடியாடணும்னு உலக சுகாதார நிறுவனம் 2020ல எழுதியிருக்காம். 20 செகண்டு வச்சு 60 நிமிசத்தை நிரப்ப 180 பீரியடு வேணும். வாரத்துக்கு ரெண்டு பீரியடுன்னா 90 வாரம். எட்டாப்புல ஆரம்பிச்ச பய பத்தாப்புக்குப் போகும்போது ஒரே ஒரு நாள் விளையாட்டை விளையாடி முடிச்சிருப்பான். அதுவும் கணக்கு சாரு ஊடால வந்து, “போர்ஷன் முடியலை, இன்னைக்கு பி.டி. பீரியடை எனக்குக் குடுங்க”ன்னு கேக்காம இருந்தா. விளையாட்டுத் துறை அமைச்சரே மேடையில நின்னு, அந்தப் பீரியடைக் கடன் வாங்காதீகன்னு கேட்டுக்கிட்டாரு. அமைச்சர் சொல்லி நம்மூர் கணக்கு சாரு கேட்டுட்டா அப்புறம் அவரு என்ன கணக்கு சாரு?

எனக்கு இந்த விவரமெல்லாம் எப்படித் தெரியும்னு பாக்கீகளா? பேத்தி சென்னை நந்தனத்துல ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியில படிக்கா. ஹாரி குரோ பக் என்ற அமெரிக்காக்காரரு 1920ல தொடங்குன கல்லூரி. 1924 பாரிஸ் ஒலிம்பிக்குக்கு நம்ம நாட்டு அணியைக் கூட்டிக்கிட்டுப் போன மேனேசரும் அவருதான். லீவுக்கு வரும்போது அவ பாடத்தை வாசிப்பா, நான் வெத்தலையை மென்னுக்கிட்டே கேப்பேன்.

நீங்க “ஒன், டூ, த்ரீ, ஃபோர்”னு கையைத் தூக்கச் சொல்றீகளே, அதுக்கும் பெரிய வம்சம் இருக்காம். சுவீடன்காரன் 1809ல ரஷ்யாக்காரன்கிட்ட ஃபின்லாந்தைப் பறிகுடுத்துட்டு நிக்கும்போது, ஆளுகளைத் தேத்தி எடுக்கணும்னு பெர் ஹென்ரிக் லிங் என்ற மனுசன் 1813ல ஸ்டாக்ஹோம்ல உடற்பயிற்சிக்குன்னே ஒரு நிலையம் தொறந்தாரு. அவுக வரிசை கட்டி நின்னதுல ஒரு நியாயம் இருக்கு. நம்ம எட்டாப்பு பி செக்சன் எந்த நாட்டைப் பறிகுடுத்துச்சுன்னு தெரியலை. ஆனா வரிசை மட்டும் அப்படியே நிக்குது.

மஸ்கா மாஸ்டன்னு ஒருத்தர், அவரு 1966ல ஒரு புத்தகம் போட்டாராம். உடற்கல்வியைச் சொல்லிக் குடுக்க ஒரு வழி இல்ல, பல வழி இருக்குன்னு அடுக்கி வச்சிருக்காரு. ஒரு கோடியில, எல்லா முடிவையும் வாத்தியாரே எடுப்பாரு: எப்ப ஆரம்பிக்க, எப்படி நிக்க, எப்ப நிறுத்த. மறு கோடியில பிள்ளையே எல்லாத்தையும் முடிவு பண்ணும். ஊடால, ஒரு பிள்ளை செய்ய இன்னொரு பிள்ளை பாத்துத் திருத்துறது, தன்னைத் தானே பாத்துத் திருத்திக்கிறதுன்னு எத்தனையோ வழி. நீங்க அந்த மொதக் கோடியை விட்டு நகராதீக தம்பி. நகந்தா விசிலுக்கு வேலை கொறஞ்சுபோகும்.

அந்த மாஸ்டன் சொன்னதுல ஒரு கயித்துச் சங்கதி வருது. அதைக் கேட்ட அன்னைக்கு எனக்கு வெத்தலை இறங்கலை. நீங்க என்ன பண்ணுவீக? ரெண்டு பயலை ரெண்டு பக்கமும் நிறுத்தி, கயித்தை முழங்கால் ஒசரத்துக்கு நேராப் பிடிக்கச் சொல்லி, ஒவ்வொருத்தனாத் தாண்ட விடுவீக. அப்புறம் தொடை ஒசரம், அப்புறம் இடுப்பு ஒசரம். தாண்ட முடியாத பய ஒவ்வொருத்தனா வெளிய போவான். கடைசியில மூணு பேரு தாண்டுவான், கயித்தைப் பிடிச்ச ரெண்டு பேரு போக, மிச்சம் அம்பத்தஞ்சு பேரு வேப்பமரத்தடியில உக்காந்து கை தட்டுவான். வெளிய போனதுல மொத ஆளு யாரு? எவனுக்குத் தாண்டிப் பழக்கம் வேணுமோ அவன். தாண்டத் தெரிஞ்சவன் நாளெல்லாம் தாண்டுறான், தெரியாதவன் ஒரே தரத்தோட உக்காந்துட்டான். மாஸ்டன் கயித்தோட ஒரு முனையைத் தரையில வச்சு, மறு முனையை இடுப்புக்குத் தூக்கிச் சாய்ச்சுப் பிடிக்கச் சொன்னாரு. அம்புட்டுத்தான். எங்க தாண்டணும்னு பிள்ளையே இடத்தைப் பாத்துக்கிடும். குண்டுப் பய தாழ்ந்த பக்கம் தாண்டுவான். நாலு தரம் தாண்டுனதும் ஒரு எட்டு தள்ளிப் போவான், யாரும் சொல்லாமலே. பெரியவன் ஒசந்த பக்கம் போயி மீசையை முறுக்குவான். ஒருத்தனும் வெளிய போக வேண்டியதில்ல. இதுக்கு என்ன பட்ஜெட் தம்பி? ஒரு மாட்டுக் கயிறு.

ஆனா உங்களுக்கு இது சரிப்படாது. ஸ்போர்ட்ஸ் டேயில யாரு ஃபர்ஸ்ட்டு, யாரு செகண்டுன்னு எழுதணும்ல?

தாண்டுறதுன்னதும் சேலம் மாவட்டத்துப் பெரியவடகம்பட்டி மாரியப்பன் ஞாபகம் வருது. அஞ்சு வயசுல வலது கால் மேல பஸ் ஏறிருச்சு. அந்தப் பிள்ளையோட பள்ளிக்கூடத்துலயும் ஒரு பி.டி. சாரு இருந்தாரு. விவரம் தெரியாதவரு போல. அப்படிப்பட்ட பிள்ளையை மரத்தடியில உக்கார வச்சு, “மத்தவக பையைப் பாத்துக்கடா”ன்னு சொல்றதுதான வழக்கம்? அவரு போயி, “நீ ஒசரம் தாண்டிப் பாரு”ன்னு சொல்லிட்டாரு. அதனால என்ன ஆச்சு? 2016ல ரியோ பாராலிம்பிக்ஸ்ல 1.89 மீட்டர் தாண்டி அந்தப் பய தங்கத்தை வாங்கிட்டு வந்துட்டான். பையைப் பாத்துக்க ஆளு இல்லாமப் போச்சு பாருங்க.

இன்னொண்ணு. விளையாட்டை விளையாட்டாச் சொல்லிக் குடுத்துறாதீக. மொத மாசம் பந்தைப் பிடிக்க, ரெண்டாவது மாசம் தட்ட, மூணாவது மாசம் எறிய. நாலாவது மாசம் காப்பரீட்சை வந்துரும். மேட்ச் எதுக்கு? இங்கிலாந்துல லப்பரோ பல்கலைக்கழகத்துல டேவிட் பங்கர், ராட் தோர்ப்னு ரெண்டு வாத்தியாருக இந்த மாதிரிப் பாடத்தைப் பாத்துட்டு, பிள்ளை பந்தைத் தட்டக் கத்துக்கிட்டான், ஆனா எப்ப யாருக்குத் தட்டணும்னு தெரியலையேன்னு தலையைச் சொரிஞ்சாக. 1982ல புதுசா ஒரு வழி எழுதுனாக. சின்ன மைதானம், கொஞ்ச ஆளு, கொஞ்ச விதி. மொதல்ல விளையாட விடு. அப்புறம் நிறுத்தி, “ஏம்ப்பா அந்தப் பக்கம் காலியாக் கிடந்துச்சே, நீ ஏன் இங்க வந்து மாட்டுன?”ன்னு கேளு. பிள்ளையே, “எனக்குத் தூரமா எறிய வரலை சார்”னு சொல்லும்போது எறியச் சொல்லிக் குடு.

எங்க காலத்துல கிளித்தட்டு விளையாடும்போது யாரு ட்ரில் குடுத்தா? குறுக்குக் கோட்டுல ஒவ்வொருத்தன் மறிச்சு நிப்பான். நடுக்கோட்டுல கிளி ஓடி வருவான். ஒருத்தன் வலப்பக்கம் போறாப்புல ஏச்சதும், கோட்டுக்காரன் அங்க சாய, இன்னொருத்தன் இடப்பக்கமா நழுவிருவான். பிடிபட்டவன் ஏன் பிடிபட்டான்னு சாயங்காலம் வரைக்கும் சண்டை போடுவோம். பேத்தி வாசிச்ச பாடத்துல அந்தச் சண்டைக்குத்தான் மார்க்கு.

அதுக்காகப் பயிற்சியே வேண்டாம்னு நான் சொல்லலை. ஹாக்கி மட்டையைப் பிடிக்கவே தெரியாத பயகிட்டப் போயி “யோசிடா, யோசிடா”ன்னா பக்கத்துல இருக்கிறவன் முட்டிதான் பேந்துபோகும். திரும்பத் திரும்பத் தட்டிப் பழகாம எங்க ஊருல ஒருத்தனும் மட்டையைத் தூக்கலை. அந்தப் பழக்கம் எப்ப வேணும், எதுக்கு வேணும்னு பயலுக்கே தெரிஞ்சிருக்கணும். பேச்சு அம்புட்டுத்தான்.

கபடியா? வேண்டாம். பக்கத்துக்கு ஏழு பேருன்னா பதினாலு பேரு ஆடுவான், நாப்பத்தாறு பேரு கோட்டைச் சுத்தி உக்காந்து கத்துவான். சுண்ணாம்புப் பொடியால சின்னச் சின்னதா நாலு களம் போட்டா அம்புட்டுப் பேரும் ஆடலாம்தான். ஆனா உங்களுக்கு முதுகு வலிக்கும். மியூசிக்கல் சேர் வைங்க. மொதல்ல வெளிய போறவன் கடைசி வரைக்கும் சும்மா நிப்பான், உங்களுக்கும் தொந்தரவு இல்ல. அமெரிக்காவுல நீல் வில்லியம்ஸ்னு ஒரு வாத்தியாரு 1992ல, பள்ளிக்கூடத்துல விளையாட வைக்கிறதுக்கே வெக்கப்படணும்னு சில விளையாட்டுகளைப் பேரு சொல்லி எழுதுனப்போ, அதுல இந்த நாற்காலியும் மாட்டிக்கிச்சாம். நமக்கென்ன, ஆண்டு விழாவுல எம்.எல்.ஏ. கைதட்டுறாருல்ல?

பிந்தி வந்த பயலை மைதானத்தை அஞ்சு சுத்து ஓட விடுறதையும் நிறுத்திறாதீக. ஓடுறது தண்டனைன்னு ஆறாப்புலயே மனசுல பதிஞ்சிரணும். நாளைக்குச் சக்கரை வியாதி வந்து டாக்டர், “தினமும் ஓடுங்க”ன்னு சொல்லும்போது, நான் என்ன தப்புப் பண்ணுனேன்னு அவன் கேக்கணும். பொம்பளப் பிள்ளைகளுக்கு ஒரு ரிங்கை எடுத்துக் குடுத்து ஓரமா அனுப்பிருங்க. என் பேத்தியையும் அப்படித்தான் அனுப்புனாக. அவ ரிங்கைப் போட்டுட்டு ஹாக்கி மட்டையைத் தூக்கிட்டா. இப்ப உங்க வேலைக்கே போட்டிக்கு வரப்போறா, சூதானமா இருந்துக்கோங்க.

சரி, சிரிக்கிறீக. தண்ணி குடிங்க. தொழுவத்துல ரெண்டு பழைய கயிறு கிடக்கு, போகும்போது எடுத்துக்கோங்க. கணக்கு சாரு நாளைக்குப் பீரியடு கேட்டு வந்தா முகத்தைச் சுளிக்காதீக. பெரிய மனுசன், மரியாதையாக் கூப்பிட்டு, கயித்தோட ஒசந்த முனையை அவரு கையில குடுத்துருங்க. தரைக்கும் கயித்துக்கும் ஊடால எத்தனை டிகிரின்னு அவரே பிள்ளைககிட்டக் கேக்க ஆரம்பிச்சிருவாரு. கேக்காம அவரால இருக்க முடியாது.