புதன்கிழமை நளன்

புதன்கிழமை மாலை ஆறேகால் மணிக்கு நியூஜெர்சியின் எடிசனிலோ பிஸ்காட்டவேயிலோ நம்மவர்கள் குடியிருக்கும் ஏதாவது ஒரு டவுன்ஹவுஸ் வாசலில் நின்று மூக்கை நீட்டிப் பாருங்கள். வெங்காயம் வதங்கும் வாசம் வரும். பின்னாலேயே ஓர் ஆண் குரலும் வரும்: "அரை மணி நேரம்! எல்லாரும் டேபிளுக்கு வந்துடலாம்."

அவர்தான் புதன்கிழமை நளன்.

வாரத்தின் மற்ற ஆறு நாளும் அவர் பரம சாது. மென்பொருள் எழுதுவார். மீட்டிங்கில் மைக்கை அணைத்துவிட்டுக் கொட்டாவி விடுவார். போட்டதைச் சாப்பிட்டு, தட்டைக் கொண்டுபோய் ஸிங்கில் வைத்துவிட்டு, அதையும் வீட்டுவேலைக் கணக்கில் எழுதிக்கொள்வார். அவருடைய மனைவிக்கு, கதைக்குப் பொருத்தமாகத் தமயந்தி என்றே பெயர் வைத்துக்கொள்வோம், ஆஸ்பத்திரி லேபில் வேலை. புதன்கிழமை மட்டும் வீடு திரும்ப ஏழு மணி ஆகும். "அன்னிக்கு ராத்திரிச் சாப்பாடு என் பொறுப்பு" என்று ஏதோ ஒரு கல்யாண நாளில், கேக் வெட்டிய வேகத்தில், நளன் வாக்குக் கொடுத்துவிட்டார். வாக்குத் தவறாத மனிதர். சிக்கலே அதுதான்.

புராண நளனுக்குச் சில சௌகரியங்கள் இருந்தன. ஏறிட்டுப் பார்த்தால் பாத்திரத்தில் தண்ணீர் நிறையும்; ஒரு பிடி புல்லை வெயிலில் காட்டினால் தீப்பிடிக்கும். நம் நளனுக்கோ ஒரு பெரிய பானைத் தண்ணீர் கொதிக்கவே கால் மணி வேண்டும். அவன் 375 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு, அதாவது 190 செல்சியஸுக்கு, சூடேற இன்னொரு கால் மணி. இதையெல்லாம் அவர் அந்த அரை மணியில் சேர்ப்பதில்லை. "அது ஸெட்டப் டைம்" என்பார். உள்ளே வேகும் 25 நிமிஷம்? "அப்ப நானா வேலை செய்யறேன்? அவன்தானே செய்யறான்!" வெளியே எடுத்தபின் ஆறவிடும் 10 நிமிஷம்? "அது ரெஸ்ட்." இப்படிக் கழித்துக்கொண்டே போனால் கடைசியில் அரை மணிதான் மிஞ்சும். இருபது வருஷமாக கிளையண்ட்டுக்கு எஸ்டிமேட் கொடுத்துக் கைதேர்ந்தவரிடம் நாம் என்ன பேச முடியும்?

அவருக்குத் தெரிந்த பதார்த்தம் ஒன்றே ஒன்று: சாஸேஜ் போட்ட பேக்ட் ஸிட்டி. குழாய் குழாயாக இருக்கும் ஸிட்டி பாஸ்தாவை முக்கால் வேக்காட்டில் வடித்து, தக்காளி சாஸ், உதிர்த்து வறுத்த சாஸேஜ், ரிக்கோட்டா எல்லாம் கலந்து, தலையில் மொஸரெல்லாவைக் கொட்டி அவனில் தள்ளுவது. குளிர்காலத்தில் ஆளை உட்காரவைத்துத் தோளில் கம்பளி போர்த்திவிடுகிற சாப்பாடு என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். அடுத்த வீட்டுக்காரன் என்ற முறையில் புதன்தோறும் எனக்கு அழைப்பு உண்டு. விருந்தாளியாக என்று ஆரம்பத்தில் தப்பாக நினைத்துக்கொண்டு போனேன்.

பாக்கெட்டைப் பிரிக்கும்போதே காலட்சேபம் தொடங்கிவிடும். "ஸிட்டின்னா என்ன தெரியுமா சார்? தெக்கு இத்தாலியில கல்யாணப் பொண்ணு, மாப்பிள்ளையைச் சொல்ற வார்த்தை. கல்யாண விருந்துல போடற பாஸ்தா இது." அடுத்து சரித்திரம். 1880-க்கும் 1920-க்கும் நடுவில் சுமார் 40 லட்சம் இத்தாலியர்கள் அமெரிக்காவுக்குக் கப்பலேறினார்கள். முக்கால்வாசிப் பேர் தெற்கத்தி ஏழைகள். ஊரில் கண்ணால் பார்ப்பதே அபூர்வமாக இருந்த கறி, இங்கே கைக்கெட்டும் விலையில் கிடைத்ததும் பாஸ்தாவுக்குள் தாராளமாக விழ ஆரம்பித்தது. "1999-ல வந்த 'தி சோப்ரானோஸ்' பாத்திருக்கீங்களா? நம்ம நியூஜெர்சிக் கதை. மாஃபியாக்காரன் வீட்டுக்கு வர்ற பாதிரியாரே இதை ஒரு கட்டு கட்டுவார்!" எதிர்வீட்டு இத்தாலியப் பாட்டியும் சாட்சிக்கு வருவார். "அவங்க இதை சாஸ்னே சொல்ல மாட்டாங்க. கிரேவிம்பாங்க."

இதற்குள் மணி ஆறரை. தண்ணீர் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கும்.

நளன் சமைக்கிறார் என்றால் வீடே சமைக்கிறது என்று அர்த்தம். அல்ஜீப்ரா போட்டுக்கொண்டிருந்த மூத்த பெண் வந்து 28 அவுன்ஸ் தக்காளி டப்பாவைத் திறக்க வேண்டும். சின்னவனுக்கு டைமர் உத்தியோகம்: பெட்டியில் போட்டிருக்கும் நேரத்துக்கு இரண்டு நிமிஷம் முன்னால் "அப்பா!" என்று கத்த வேண்டும். பாஸ்தா மீதி வேக்காட்டை அவனுக்குள் முடித்துக்கொள்ளுமாம். வடிப்பது என் வேலை. மூக்குக்கண்ணாடி முழுக்க ஆவி படிந்து நான் குருடனாக நிற்கும்போது பின்னாலிருந்து அலறல் வரும்: "அந்தத் தண்ணியக் கொட்டிடாதீங்க! ஒரு கப் எடுத்து வைங்க. ஸ்டார்ச் இருக்கு, சாஸைச் சேத்துப் பிடிக்கும்." வடிகஞ்சியின் அருமையை எனக்கு ஒருவர் நியூஜெர்சியில் வைத்துப் பாடம் எடுப்பார் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை.

சீஸ் விஷயத்தில் அவர் மகா ஆசாரம். துருவிப் பாக்கெட்டில் அடைத்தது வீட்டுக்குள் வரக் கூடாது. "ஒட்டாம இருக்க மாவைப் பூசி விக்கறான் சார். ஒழுங்கா உருகாது." ஊரிலிருந்து கொண்டுவந்த கேரட் துருவியில், கால் கிலோ மொஸரெல்லாவோடு கட்டைவிரல் நகத்தையும் சேர்த்துத் துருவுவார். பாண்ட்-எய்ட் ஒட்டும் நேரமும் ஸெட்டப் டைமில் சேர்த்தி.

சாஸேஜைக் கையில் எடுக்கும்போதுதான் மனிதர் உண்மையிலேயே மாறுவார். கத்தி நுனியால் மேல்தோலைக் கீறி, பாம்புச் சட்டை உரிப்பதுபோல ஒரே இழுப்பில் உரித்து, உள்ளிருக்கும் கறியை இரும்புச் சட்டியில் போட்டு மரக்கரண்டியால் உதிர்ப்பார். உடனே கிளற மாட்டார். அடி சிவக்கட்டும் என்று காத்திருப்பார். அவர் வாழ்க்கையில் பொறுமை காட்டுகிற ஒரே இடம் அதுதான். கொழுப்பு உருகிச் சடசடக்கும்போது சோம்பு வாசம் எழும்பும். "இத்தாலியன் சாஸேஜ்னு லேபிள் ஒட்டணும்னா உப்பு, மிளகு, கூடவே பெருஞ்சீரகமோ ஆனிஸோ ஏதாவது ஒண்ணு கட்டாயம் போட்டாகணும். அமெரிக்க கவர்மெண்ட் ரூல் சார்! கொழுப்பும் 35 பர்சென்ட்டைத் தாண்டக் கூடாது" என்று சொல்லிவிட்டுத் தன் தொப்பையைத் தடவிக்கொள்வார். இந்த மனிதருக்கு அப்படி ஒரு ரூல் யாரும் போடவில்லை.

அதற்கப்புறம் பேச்சு நிற்கும். சட்டிமேல் குனிந்து கண்ணை மூடி ஒரு மூச்சு இழுப்பார். அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, அஞ்சறைப்பெட்டியைத் திறந்து அரை ஸ்பூன் சோம்பை உள்ளங்கையில் கசக்கித் தூவுவார். நான் பார்த்துவிட்டது தெரிந்தால் மட்டும், "இது பாட்டி ரெசிபியில இல்ல சார், வெளிய சொல்லிடாதீங்க" என்பார்.

ஏழு மணிக்குக் கதவு திறக்கும். தமயந்தி வாசலில் நின்றபடியே நிலவரத்தைப் படித்துவிடுவார். ஸிங்கில் ஏழு பாத்திரம். அடுப்பு மேடையில் ஒரு கொலை நடந்த அளவுக்குத் தக்காளி. ஃப்ரிட்ஜைத் திறந்து திறந்து மூடும் பிள்ளைகள்.

"ஏங்க, அரை மணி இன்னும் ஆகலியா?"

"பத்தே நிமிஷம்மா. அசெம்பிள் பண்ணி உள்ள தள்ள வேண்டியதுதான்."

தமயந்தி விவாதிக்க மாட்டார். கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டு, தோசை மாவை எடுத்து, காலியாக இருக்கும் ஒரே அடுப்பில் கல்லைப் போடுவார். "சும்மா, ஒரு ஸ்நாக்ஸுக்கு" என்று பிள்ளைகளுக்கு ஆளுக்கு மூன்று. எனக்கும் ஒன்று. நளன் இதைப் பார்த்தும் பார்க்காத பாவனையில் பாத்திரத்தில் ஸிட்டியை அடுக்கிக்கொண்டிருப்பார்.

ஏழே முக்காலுக்கு அக்கினி சாட்சி. விளிம்பு தாண்டி வழிந்த சீஸ் அவனின் அடியில் விழுந்து கரியும். நளன் எட்டிப் பார்க்கக் கதவைத் திறந்ததும் புகை அலாரம் வீறிடும். சின்னவன் ஜன்னலைத் திறப்பான். பெண் நாற்காலிமேல் ஏறி, அலாரத்துக்குக் கைத்துண்டால் சாமரம் வீசுவாள். "இன்னிக்குப் பரவால்ல, போன வாரத்தைவிட லேட்டாத்தான் அடிச்சுது" என்று நளன் முன்னேற்றத்தைப் பதிவுசெய்வார்.

எட்டு மணி ஐந்து நிமிஷத்துக்கு ஸிட்டி வெளியே வரும். உடனே கரண்டியை நீட்டினால் கையில் அடி விழும். ஆறவிடாவிட்டால் துண்டு நிற்காதாம். எட்டேகாலுக்கு ஒரு வழியாகப் பரிமாறுவார். மேலே பொன்னிறத்தில் மொறுமொறுப்பு, உள்ளே ரிக்கோட்டாவின் வெண்மை, கடித்தால் குழாய்க்குள் ஒளிந்திருக்கும் சாஸ். மூலைத்துண்டுதான் உயர்ந்த மரியாதை, அது எனக்கு. பிள்ளைகள் இரண்டு வாய் கொறித்துவிட்டு "அப்பா, சூப்பர். வயிறு ஃபுல்" என்று எழுந்துவிடுவார்கள்.

நளன் மனைவியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். "எப்படி?"

"நல்லாருக்கு. உப்புதான் கொஞ்சம் கம்மி."

போன புதனும் அதேதான். அதற்கு முந்தைய புதனும். நளன் முகம் லேசாகச் சுருங்கும். ஆனாலும் சுதாரித்துக்கொள்வார்: "சமைச்சவங்க பாத்திரம் கழுவக் கூடாது. அதான் இந்த ஊர் வழக்கம்." ஏழாக இருந்த பாத்திரம் அப்போது பதினொன்று. அடுத்த நிமிஷம் சோபாவில் குறட்டை கேட்கும்.

இதோடு இந்தச் சித்திரத்தை முடித்திருப்பேன். போன வாரம் தமயந்தி என் மனைவியிடம் ஒரு விஷயத்தை உளறிவிட்டார்.

மிச்ச ஸிட்டி வியாழக்கிழமை அவருடைய லஞ்ச் பாக்ஸில் போகிறது. மறுநாள் அது மீன்குழம்பு மாதிரி. மசாலா இறங்கி, முதல்நாளைக்கு இரண்டு பங்கு ருசி. லேப் பிரேக் ரூம் மைக்ரோவேவில் சுடவைத்து, யாரும் பங்குக்கு வருவதற்குள் ஒரு மூலையில் உட்கார்ந்து முழுசையும் தின்றுவிடுவாராம்.

புராணத் தமயந்தி, குள்ளனாக உருமாறி ஒளிந்திருந்த சமையல்காரன் தன் புருஷன்தான் என்பதை அவன் சமைத்த கறியை ருசி பார்த்துக் கண்டுபிடித்தாள். நம் தமயந்தியும் என்றைக்கோ கண்டுபிடித்துவிட்டிருக்கிறார்.

"இத்தாலியாவது ஒண்ணாவது! விருதுநகர்ல எங்க மாமியார் ஞாயித்துக்கிழமை வைப்பாங்களே, தேங்காயும் சோம்பும் அரைச்சு ஊத்தின கறிக்குழம்பு, அதே வாசனை. கல்யாணமாகி மொத மொதல்ல அந்த வீட்ல நான் சாப்பிட்டது. அவங்க போயி ஆறு வருஷம் ஆச்சு. இவரு அதைத்தான் வாராவாரம் அவன்ல வச்சுத் தேடிட்டு இருக்காரு."

"அப்ப அவர்ட்ட சொல்ல வேண்டியதுதானே, பிரமாதமா வருதுன்னு?" என்று கேட்டிருக்கிறாள் என் மனைவி.

"ஐயையோ, சொன்னா வியாழக்கிழமையும் ஆரம்பிச்சிருவாரு!"