கழுவிக் கழுவி ஊற்றியது

வீட்டிலேயே பீர் காய்ச்சுகிறவனுக்கு ஒரு தனி மவுசு உண்டு. ஓரிகன் மாநிலத்தில், போர்ட்லாந்தை ஒட்டிக் குடியிருக்கிறவனுக்கு அது கொஞ்சம் கம்மிதான். இங்கே தடுக்கி விழுந்தால் இன்னொரு பீர் காய்ச்சுகிறவர் மேல்தான் விழ வேண்டும். ஆனால் விருதுநகரில் இருக்கும் மச்சினனிடம் போனில், பேச்சோடு பேச்சாக, "நேத்து சின்னதா ஒரு பேல் ஏல் போட்டேன் மாப்ள" என்று சொன்னால் மறுமுனையில் ஒரு கணம் மூச்சு நிற்கிறது. டாஸ்மாக் கம்பிக்குள் கையை நீட்டி, கொடுத்ததை வாங்கிக்கொண்டு வருகிறவன் அவன். எனக்கு ஏதோ சித்து கைவந்துவிட்டதாக நினைக்கிறான். அவன் நினைப்பில் செப்புக் கொப்பரை இருக்கிறது, பொன்னிற நுரை இருக்கிறது. சிங்க் இல்லை.

பீர் காய்ச்சுவதில் காய்ச்சுவது ஒரு மணி நேரம். மிச்சமெல்லாம் பாத்திரம் கழுவுவது. புத்தகங்களில் சுத்தம் முக்கியம் என்று போட்டிருக்கும். அந்தச் சுத்தத்துக்கு ஆள் யார் என்று போட்டிருக்காது.

நான் போடுவது ஒரு கேலன், அதாவது 3.8 லிட்டர். இங்கே வழக்கமாக ஐந்து கேலன் போடுவார்கள். "நம்ம கிச்சனுக்கு ஒண்ணே ஜாஸ்தி" என்று மனைவி தீர்ப்புச் சொல்லிவிட்டாள். ஒரு கேலனுக்கு முளைகட்டிக் காயவைத்த பார்லியான மால்ட் ஒரு கிலோ போதும், முப்பது கிராம் ஹாப்ஸ் போதும், ஈஸ்ட் அரைப் பாக்கெட் போதும். கழுவுகிற சாமான் மட்டும் அதேதான். இந்த ஓட்டையை முதலில் கண்டுபிடித்தவர் என் மாமனார்.

கூட்டுறவு வங்கியில் முப்பது வருஷத்துக்கு மேல் கணக்குப் பார்த்து ஓய்வு பெற்றவர். மாமியாரோடு மகள் வீட்டில் இருந்துவிட்டுப் போக வந்திருந்தார். வாழ்நாளில் ஒரு சொட்டுத் தொட்டதில்லை. அவர் முன்னால் எப்படிக் காய்ச்சுவது என்று நான் பம்மிக்கொண்டிருக்க, பார்லி என்னைக் காப்பாற்றியது.

"என்ன மாப்ளே பண்றீங்க?"

"பார்லி ஊற வைக்கிறேன் மாமா."

"செய்யுங்க, செய்யுங்க. எனக்குக் கால் வீக்கத்துக்கு டாக்டரே பார்லித் தண்ணி குடிக்கச் சொன்னாரு." நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். அன்றிலிருந்து தணிக்கை தொடங்கியது.

ஏழு லிட்டர் தண்ணீரை 67 டிகிரியில் நிறுத்தி, உடைத்த மால்ட்டை வலைப்பையில் கட்டி, ஒரு மணி நேரம் ஊற விட வேண்டும். பார்லி முளைவிடும்போது அதற்குள் தயாரான நொதிகள் அந்தச் சூட்டில் கண் விழித்து மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கும். 65க்குக் கீழே போனால் பீர் வறட்டுத்தனமாக இருக்கும். 70க்கு மேலே போனால் கனத்துப் போகும். எண்பதைத் தொட்டால் நொதிகள் போய்ச் சேர்ந்துவிடும், கஞ்சிதான் மிச்சம். வலைப்பைக்குப் பதிலாக மாமா தன் பழைய வேட்டியைத் தர முன்வந்தார். நெசவு நெருக்கமாக இருந்தால் நீர் இறங்காது என்று சொல்லி அதன் மானத்தைக் காத்தேன்.

கால் மணி நேரத்தில் வீடு முழுக்க ஹார்லிக்ஸ் வாசனை. அதில் ஆச்சரியம் இல்லை. இரண்டுக்கும் மூலப்பொருள் மால்ட்தான். ஹார்லிக் சகோதரர்கள் இங்கிலாந்திலிருந்து வந்து கம்பெனி தொடங்கியது கூட இந்த அமெரிக்காவில்தான், 1873இல். பையைத் தூக்கி வடியவிட்டதும் மாமா டம்ளரை நீட்டினார். ஈஸ்ட் விழாதவரை அது வெறும் இனிப்புத் தண்ணீர், தாராளமாகக் குடிக்கலாம். குடித்து முடித்து வாயைத் துடைத்துக்கொண்டு கேட்டார்: "நல்லாத்தானே இருக்கு மாப்ளே. இதை எதுக்குக் கெடுக்கறீங்க?"

இதற்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை.

அடுத்த கேள்வி வங்கிக்காரர் கேள்வி: "சட்டத்துல இடம் இருக்கா?" இருக்கிறது. இங்கே 1933இல் மதுவிலக்கு நீங்கியபோது வீட்டில் ஒயின் போட வழி பிறந்தது, பீருக்குப் பிறக்கவில்லை. ஒயின்காரர்களைப் பார்த்து நாற்பத்தைந்து வருஷம் பெருமூச்சு விட்ட பிறகு, 1978 அக்டோபர் 14 அன்று ஜிம்மி கார்ட்டர் கையெழுத்துப் போட்டார். இரண்டு பெரியவர்கள் உள்ள வீட்டுக்கு ஆண்டுக்கு 200 கேலன், வரி கிடையாது, விற்கக் கூடாது. அலபாமாவும் மிசிசிப்பியும் 2013 வரை முரண்டு பிடித்தன. நம்மூரில் இதே பானையை அடுப்பில் ஏற்றினால் 1937ஆம் வருஷத்து மதுவிலக்குச் சட்டம் வீடு தேடி வரும். மாமா விரல் விட்டு எண்ணினார். "இருநூறு கேலனா? உங்க கணக்குப்படி வாரத்துக்கு நாலு தடவை கழுவணும். சர்க்கார் கொடுத்த சலுகை இல்லை மாப்ளே இது."

கொதி வரும் நேரத்தில் அந்தப் பக்கம் இந்தப் பக்கம் திரும்பக் கூடாது. புரதமெல்லாம் திரண்டு நுரையாக எழும்பி, ஒரு நொடியில் அடுப்பின் மேல் கவிழும். ஹாலில் இருந்தபடியே மனைவி "பொங்கலோ பொங்கல்" என்று குரல் கொடுப்பாள். அடுப்பில் வழிந்த மால்ட் சர்க்கரை கருகிப் பிடித்தால் அதைச் சுரண்டுவது தனிக் கைத்தொழில்.

நுரை அடங்கியதும் ஹாப்ஸ். இதைச் சொல்லும்போது மட்டும் எனக்குக் குரல் இளகும். கொடியில் காய்க்கும் பச்சைக் கூம்புகளைப் பொடித்துச் சிறு உருளைகளாக அழுத்தி விற்கிறார்கள். ஒன்றை விரலிடுக்கில் நசுக்கினால் மஞ்சள் பிசின் ஒட்டிக்கொண்டு, பம்ப்ளிமாஸ் தோலைக் கிள்ளிய வாசனை அடிக்கும். அடியில் தேவதாரு மரத்துப் பால் வாசனையும். நான் போடும் ரகம் கேஸ்கேட். ஃபகிள் என்ற ஆங்கில ரகத்தையும் ஒரு ரஷ்ய ரகத்தையும் சம்பந்தி ஆக்கி, இங்கிருந்து 130 கிலோமீட்டர் தெற்கே கார்வாலிஸில் அமெரிக்க வேளாண் துறையினர் உருவாக்கியது, 1972இல் வெளிவந்தது. வடகலிபோர்னியாவில் சிக்கோ என்ற ஊரில் கென் கிராஸ்மன் பால்பண்ணைத் தொட்டிகளை மாற்றியமைத்து 1980இல் சியரா நெவாடா பேல் ஏல் போட்டபோது, அந்த வாசனைதான் நாடு முழுக்கப் பரவியது. கிராஸ்மனும் வீட்டில் காய்ச்சிப் பழகியவர்தான். எவ்வளவு கழுவியிருப்பார்!

கொதியின் தொடக்கத்தில் போடும் ஹாப்ஸ் கசப்புக்கு, கடைசிக் கால் மணியில் போடுவது ருசிக்கு, அடுப்பை அணைத்ததும் போடுவது மணத்துக்கு. இந்தச் செடி கஞ்சாவின் குடும்பம் என்பதை மாமியாரிடம் யாரும் சொல்லவில்லை.

பானையை ஐஸ் தண்ணீரில் இறக்கி 20 டிகிரிக்குக் கொண்டுவந்தபின் ஆரம்பிப்பதுதான் நிஜமான வேலை. ஆறிய சாற்றைத் தொடும் எதுவும், புனல், ஜாடி, மூடி, குழாய், கரண்டி எல்லாம், முதலில் கழுவப்பட்டு, பிறகு கிருமி நீக்கப்பட வேண்டும். கழுவுவது வேறு, கிருமி நீக்குவது வேறு. இரண்டாவதுக்கு ஸ்டார் சான் என்று ஒரு திரவம். ஒரு கேலன் தண்ணீருக்கு ஆறு மில்லி. பொங்கப் பொங்க நுரைக்கும். அந்த நுரையை அலசக் கூடாது, அதன் மேலேயே சாற்றை ஊற்ற வேண்டும் என்பது விதி. இங்கேதான் குடும்பம் கொந்தளித்தது. "நுரை இருக்கு மாப்ளே!" என்று மாமா எழுந்தேவிட்டார். மாமியார் ஓடி வந்து பார்த்தார். பாஸ்பாரிக் அமிலம் கோலாவிலும் இருப்பதுதான், நுரையால் ஒரு கெடுதலும் இல்லை என்று எவ்வளவோ சொன்னேன். ஒருவரும் நம்பவில்லை. மாப்பிள்ளைக்குப் பாத்திரம் அலசத் தெரியாது என்ற செய்தி அன்று இரவே விருதுநகர் போய்ச் சேர்ந்தது.

வடித்த சக்கையை வீசவில்லை. ஒரு கிலோ மால்ட் நனைந்து இரண்டு கிலோவாகியிருந்தது. மாடு இல்லாத ஊராக இருக்கிறதே என்று மாமியார் வருத்தப்பட, பக்கத்துத் தெருவில் கோழி வளர்ப்பவரிடம் கொடுத்தோம். பதிலுக்கு முட்டை வந்தது. ஹாப்ஸ் சக்கையை மட்டும் அப்படித் தரக் கூடாது. நாய் தின்றால் காய்ச்சல் ஏறி உயிருக்கே உலை வைத்துவிடும்.

சாற்றை ஊற்றி ஈஸ்ட் தூவிய ஜாடிக்கு இருட்டு வேண்டும். வெளிச்சம் பட்டால் ஹாப்ஸின் கசப்புப் பொருள் சிதைந்து, ஸ்கங்க் என்ற பிராணி பீய்ச்சும் நாற்றம் வரும். வீட்டில் இருட்டான அலமாரி மாமா படுக்கும் அறையில்தான் இருந்தது. ராத்திரியெல்லாம் குழாய் வழியாகக் கரியமில வாயு குமிழ் விட்டது. காலையில் பல் துலக்கும் முன்பே எனக்கு அறிக்கை வரும். "பன்னெண்டு மணி வரைக்கும் ஒரே வேகம். விடியக்காலம் கொஞ்சம் தணிஞ்சது. பயப்படறதுக்கு ஒண்ணுமில்லை." குமிழ் ஓய்ந்ததும் இன்னும் பத்து கிராம் கேஸ்கேட்டை மணத்துக்காக உள்ளே போட்டேன். இரண்டு வாரம் ஆனதும் ஹைட்ரோமீட்டரை மிதக்கவிட்டோம். காய்ச்சிய அன்று 1.050; இப்போது 1.012.

"அப்போ இது ஓப்பனிங் பேலன்ஸ், இது குளோசிங். நடுவுல போன சர்க்கரை?"

"பாதி ஆல்கஹால் மாமா, பாதி கேஸ். அஞ்சு சதவீதம் வருது."

"டேலி ஆகுது" என்றார், முழுத் திருப்தியோடு.

பிறகு பாட்டில்கள். திருகுமூடிப் பாட்டில் உதவாது. ஓப்பனரால் நெம்புகிற வகை, அதுவும் பழுப்பு நிறம் வேண்டும். நண்பர்கள் குடித்துவிட்டுத் தந்தவற்றை லேபிள் உரிய இரவெல்லாம் சோடா உப்பு நீரில் ஊறவைத்து, நீளப் பிரஷ்ஷால் குடைந்து, அலசி, கிருமி நீக்கி, சர்க்கரைக் கரைசலை அளந்து விட்டு, மூடி அடித்தேன். ஒன்பது பாட்டில் தேறியது.

கேஸ் ஏற இன்னும் இரண்டு வாரம். அப்புறம் நண்பர்கள் வந்தார்கள், குடித்தார்கள், கண்ணை மூடிப் பம்ப்ளிமாஸ் என்றார்கள். நன்றாகவே இருந்தது, தன்னடக்கத்துக்காகவும் வேறு மாதிரி சொல்ல மாட்டேன். ஆனால் அடியில் படிந்த ஈஸ்ட் காய்ந்துவிட்டால் பிறகு எதற்கும் அசையாது என்பதால், காலியாகும் ஒவ்வொரு பாட்டிலையும் அந்தச் சூட்டோடு அலசிக்கொண்டிருந்தேன். ஹாலில் சிரிப்புச் சத்தம் கேட்டது.

அதில் ஒரு தம்பிக்கு ஆசை வந்துவிட்டது. "அண்ணே, நானும் ஆரம்பிக்கலாம்னு இருக்கேன். முதல்ல எந்த ஈஸ்ட் வாங்கணும்?"

நான் வாயைத் திறப்பதற்குள் மாமா முந்திக்கொண்டார். "ஈஸ்ட் கிடக்கட்டும் தம்பி. உங்க வீட்டு சிங்க் எத்தனை அடி?"