கிலோக் கணக்கு மாமா

டிரெட்மில்லின் மேல் ஒரு தடவை ஏறிப் பார்க்கும்படி கடைப்பையன் எவ்வளவு மன்றாடினாலும் மாமா ஏறமாட்டார். அதன் கறுப்புப் பட்டையைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டிவிரலுக்கும் நடுவே பிடித்துத் தேய்த்து, விரலை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து, கண்களைப் பாதி மூடிச் சற்று நேரம் யோசனையில் ஆழ்ந்திருந்துவிட்டு, போடிநாயக்கனூரில் ஏலக்காய்க் கமிஷன் கடை வைத்து ஆயுளில் பெரும்பகுதியைச் சாம்பிள் பார்ப்பதிலேயே கழித்தவருக்கு உரிய கம்பீரத்தோடு, "கிலோவுக்கு என்ன விழுகுது?" என்று கேட்பார். எந்திரத்தைக் கிலோக் கணக்கில் விற்பதில்லை என்று பையன் பணிவுடன் தெரிவிப்பான். "எந்திரத்தக் கேக்கல தம்பி, என் ஒடம்புல கொறையப் போற கிலோவக் கேக்குறேன்" என்பார் மாமா. பையன் முதலாளியைக் கூப்பிடப் போய்விடுவான். சில கடைகளில் திரும்பி வருவதே இல்லை.

மாமாவின் சித்தாந்தம் எளிமையானது. உலகத்தில் எந்தச் சரக்குக்கும் கிலோவுக்கு ஒரு விலை உண்டு. ஆகவே வயிற்றில் சேர்ந்த கொழுப்பை இறக்குவதற்கும் கிலோவுக்கு ஒரு விலை இருந்தே தீரவேண்டும். முப்பதாயிரம் ரூபாய் டிரெட்மில்லால் பதினைந்து கிலோ குறையுமானால் கிலோ இரண்டாயிரம். எட்டாயிரம் ரூபாய் எக்சர்சைஸ் சைக்கிளால் நான்கு கிலோ குறையுமானால் அதுவும் இரண்டாயிரம்தான். ஆனால் இடம் குறைவாக அடைக்கும், மின்சாரமும் வேண்டாம். இப்படி ஒவ்வொரு உபகரணத்துக்கும் அவர் தம் கடைக் கணக்குப் புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில் ஒரு பத்தி ஒதுக்கி விலை நிர்ணயம் செய்து வைத்திருக்கிறார். இதில் ஒரு நாள் அவருக்கு மகத்தான ஒரு யுக்தி தோன்றியது. குறைய வேண்டியது பதினைந்து கிலோவாக இல்லாமல் இருபது கிலோவாக இருந்தால் அதே டிரெட்மில்லுக்குக் கிலோ ஆயிரத்து ஐந்நூறுதானே ஆகிறது! ஆகையால் இப்போது அவசரப்பட்டு வாங்குவது நஷ்டம் என்றும், இன்னும் ஐந்து கிலோ ஏறும்வரை பொறுப்பதே வியாபார தர்மம் என்றும் முடிவு செய்து, அன்று மாலையே பரோட்டாக் கடைக்குப் போய்ப் பொறுமையைத் தொடங்கினார்.

மலிவாகக் கிடைப்பதையாவது வாங்கினாரா என்றால் அதுவும் இல்லை. நூற்றைம்பது ரூபாய்க்கு ஒரு ஸ்கிப்பிங் கயிறு வாங்கினால் கிலோ பத்து ரூபாய்க்கு வேலை முடிந்துவிடுகிறதே என்று நான் ஒரு தரம் வாய்விட்டுவிட்டேன். மாமா என்னைப் பரிதாபத்தோடு பார்த்தார். எட்டு மில்லிமீட்டர் முதல் தரக் காய் சந்தை விலையில் பாதிக்குக் கிடைக்கிறது என்று ஒருவன் வந்து சொன்னால் மூட்டைக்குள் என்ன கலந்திருக்கிறான் என்றுதானே பார்க்கவேண்டும் என்றார். ஆக, விலை கூடினால் கொள்ளை, குறைந்தால் கலப்படம். இரண்டுக்கும் நடுவே நியாயமான விலை என்று ஒன்று உண்டு என்பதில் அவருக்கு அசையாத நம்பிக்கை இருக்கிறது. அதை எந்தக் கடையிலும் அவர் இன்னும் கண்டதில்லை.

சரக்கின் ஏற்ற இறக்கமும் அவருக்குத் துணை புரிந்தது. 2019 ஆகஸ்டில் ஏலக்காய் கிலோ 7,000 ரூபாயைத் தொட்டபோது, நாலேகால் கிலோக் காயைக் கொடுத்தால் ஒரு டிரெட்மில் வீட்டுக்கு வந்துவிடும் என்று அவரே கணக்குப் போட்டுச் சொன்னார். ஆனால் விலை இன்னும் ஏறுமென்றால் மூன்று கிலோவிலேயே முடிந்துவிடும் அல்லவா? பொறுத்தார். பிற்பாடு விலை ஆயிரத்துக்கும் கீழே சரிந்து, அதே எந்திரம் முப்பது கிலோக் காய்க்கு மேல் ஆனபோது, இந்தக் காலத்தில் எவனாவது டிரெட்மில் வாங்குவானா என்று பொறுத்தார். மதுரை–போடி மீட்டர்கேஜ் ரயில் 2010 இறுதியில் நிறுத்தப்படுவதற்கு முன்பே விசாரிக்கத் தொடங்கிய மனிதர், 2023 ஜூனில் அகல ரயில் போடிக்கு வந்து சேர்ந்த பிறகும் விசாரித்துக்கொண்டிருந்தார். வந்த ரயிலில் ஏறி மதுரைக்குப் போய் அங்கும் விசாரித்தார்.

மதுரையில்தான் அவருக்கு ஜன்ம சாபல்யம் கிட்டிற்று. விளையாட்டுச் சாமான் கடை ஒன்றில் டம்பெல்லையும் இரும்பு வட்டுகளையும் உண்மையிலேயே கிலோக் கணக்கில் நிறுத்து விற்றார்கள்! மாமாவின் முகத்தில் அப்படியொரு பிரகாசத்தை நான் அவர் மகள் கல்யாணத்திலும் கண்டதில்லை. கிலோ நூறு ரூபாய்க்குச் சற்று மேல் என்றார்கள். மாமா உடனே தேனியிலுள்ள பழைய இரும்புக் கடைக்குப் போன் போட்டு அன்றைய விலையைக் கேட்டார். அதன்பின், இருப்பதிலேயே மலிவான வட்டைக் காட்டச் சொல்லி, தட்டிப் பார்த்து, அது இரும்பே அல்லவென்றும், பிளாஸ்டிக் கூட்டுக்குள் சிமெண்டு நிரப்பியதென்றும் கண்டுபிடித்து, ஒரு சிமெண்டு மூட்டை ஐம்பது கிலோ என்ன விலை, இங்கே நீங்கள் போடும் விலை என்ன என்று கடைக்காரரிடம் தர்க்கத்தைத் தொடங்கியபோது, எனக்கு ஊருக்குத் திரும்பும் ரயிலின் ஞாபகம் வந்தது. அவருக்கு வரவில்லை. பஸ்ஸில் ஊர் வந்து சேர்ந்தோம். ஆண்டிப்பட்டிக் கணவாய் வரைக்கும் சிமெண்டு விலையே பிரஸ்தாபம்.

வயிற்றைச் சுற்றிக் கட்டிக்கொண்டால் வியர்வை கொட்டும் ஒரு பெல்ட்டைத் தொலைக்காட்சியில் பார்த்தபோது மட்டும் அவர் ஏமாறவில்லை என்பதைச் சொல்லியாகவேண்டும். ஒரு மணி நேரத்தில் ஒரு கிலோ குறையும் என்று விளம்பரத்தில் வந்த அம்மாள் சத்தியம் செய்தாள். மாமா சிரித்தார். ஐந்து கிலோப் பச்சைக் காயை ஸ்டோரில் போட்டு உலர்த்தினால் ஒரு கிலோதான் மிஞ்சும். போனதெல்லாம் தண்ணீர், காய்க்குள் இருக்கும் அரிசி ஒன்றும் குறையவில்லை என்பது அவருக்குத் தெரியாததா? வியர்வையாகப் போன எடை இரண்டு சொம்பு தண்ணீர் குடித்தால் திரும்பிவிடும் என்பதை எந்த வைத்தியரும் இவ்வளவு தெளிவாக எனக்கு விளக்கியதில்லை. அதே போலத்தான் காலால் இழுக்கும் சுருள்கம்பிக் கருவியும். வயிற்றுத் தசையை உரமாக்கலாமே தவிர, வயிற்றிலுள்ள கொழுப்பை மட்டும் தேர்ந்தெடுத்துக் கரைக்க அதனால் ஆகாது என்று நான் சொன்னதை உடனே ஒப்புக்கொண்டார். மூட்டையின் ஒரு மூலையிலிருந்து மட்டும் எடை குறையாது என்றார்.

இன்னும் சொல்லப்போனால், வாங்காமலே இத்துறையில் அவர் அடைந்த பாண்டித்தியம் அபாரமானது. லோயர்கேம்ப் முதல் ஆண்டிப்பட்டி வரை உறவினர் யார் வீட்டில் உடற்பயிற்சி எந்திரம் வாங்குவதானாலும் மாமாவைக் கேட்காமல் வாங்குவதில்லை. டிரெட்மில்லின் மேல் நான்கு குதிரைச் சக்தி என்று எழுதியிருந்தால், அது ஒரு கணம் எட்டும் உச்சமா, தொடர்ந்து ஓடும்போது நிற்கும் சக்தியா என்று கேட்பார்; கிணற்று மோட்டார்களோடு பழகியவரிடம் இந்த ஜாலம் செல்லாது. தாங்கும் எடை நூறு கிலோ என்று போட்டிருந்தால் எண்பது கிலோ ஆளுக்குத்தான் அது சரிப்படும் என்பார். பட்டைக்கு அடியில் சிலிக்கான் எண்ணெய் விடவேண்டும், டிராக்டர் எண்ணெய் விடலாகாது என்பார். மோட்டாருக்கு எத்தனை வருஷம் உத்தரவாதம் என்பதைவிட, பழுதானால் ஆள் தேனியிலிருந்து வருவானா, சென்னையிலிருந்து வருவானா என்று கேட்கச் சொல்வார். சைக்கிளில் கம்பளித் துண்டு சக்கரத்தில் உராய்ந்து இறுக்கும் ரகம் மலிவு, ஆனால் துண்டு தேயும், சத்தம் போடும். காந்தத்தால் இறுக்கும் ரகம் விலை கூட, ஆனால் தேய்வதற்கு ஒன்றுமில்லை. உத்தமபாளையத்தில் அவருடைய சகலை மகன் இந்த உபதேசத்தைக் கேட்டு ஒரு காந்த சைக்கிளை வாங்கி, தினந்தோறும் மிதித்து, அடையாளம் தெரியாதபடி இளைத்துப்போனான். மாமா அவனைக் கட்டிக்கொண்டு கண் கலங்கினார். பிறகு கிலோவுக்கு எவ்வளவு விழுந்தது என்று கேட்டுக் குறித்துக்கொண்டார். அந்த நிமிஷத்தில் அவர்மேல் எனக்கிருந்த கோபமெல்லாம் மறைந்துவிட்டதென்பதை நான் மறுக்கவில்லை.

வேடிக்கைக்காக ஒரு தரம், இந்த டிரெட்மில்லின் பூர்வோத்தரம் தெரியுமா என்று அவரைக் கேட்டேன். 1818 வாக்கில் இங்கிலாந்தில் வில்லியம் க்யூபிட் என்ற பொறியாளர் சிறைக் கைதிகள் சும்மா இருக்கலாகாது என்பதற்காக அமைத்த மிதிசக்கரம்தான் இதற்குப் பாட்டனார். கைதிகள் படிப்படியாக மிதித்து மிதித்து ஏறிக்கொண்டே இருப்பார்கள், ஓரடிகூட மேலே போகமாட்டார்கள் என்றேன். இதைக் கேட்டாலாவது அந்த ஆசை விட்டுப்போகும் என்பது என் எண்ணம். மாமா திடுக்கிட்டார். "கைதிக்கு ஓசியில குடுத்ததுக்கா மாப்ள எங்கிட்ட முப்பதாயிரம் கேக்குறான்?" என்றார்.

நடந்தால் என்ன என்பதுதானே உங்கள் கேள்வி? ஒரு கிலோக் கொழுப்பில் ஏறக்குறைய 7,700 கலோரி இருக்கிறது. சற்று விரைவாக ஒரு மணி நேரம் நடந்தால் இருநூற்றைம்பது கலோரிக்குக் குறையாமல் செலவாகும். சாப்பாடு கூடாமல் பார்த்துக்கொண்டால் மாதத்துக்கு ஒரு கிலோ, செலவின்றி. பரமசிவன் மலைக்கோயில் படி இருக்கிறது, கொட்டகுடி ஆற்றங்கரை இருக்கிறது. இதை நான் அவரிடம் விவரித்தபோது, செருப்புத் தேய்மானத்தை எந்தக் கணக்கில் எழுதுவது என்று கேட்டார். வைத்தியர் எடையை விட்டுவிட்டு இடுப்பை அளக்கச் சொன்னார். ஆண்பிள்ளைக்கு 90 சென்டிமீட்டருக்கு மேல் போகக்கூடாது என்றார். முழம் போடுவது ஜவுளிக்கடைக்காரன் தொழில் என்று மாமா எழுந்து வந்துவிட்டார்.

விடியுமுன் போடிமெட்டுப் பாதையில் காய் எடுக்கும் பெண்களை நெருக்கி ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் போய்க்கொண்டிருந்த ஒரு காலை நேரத்தில், டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து உளுந்துவடையைப் பிய்த்தபடி மாமா ஒரு வார்த்தை சொன்னார். "இவுக ஒடம்புல ஒரு பிடி சதை இருக்கா பாரு மாப்ள. இதுக்கு நாம கூலி வேற குடுக்கோம். நம்ம எடையக் கொறைக்க நமக்கு எவன் குடுக்கான்?" அவர் கணக்கில் அது ஹாஸ்யம் அல்ல, அந்தப் பெண்களுக்குக் கிலோவுக்கு என்ன லாபம் விழுகிறது என்று மனத்துக்குள் உண்மையாகவே கூட்டிக்கொண்டிருந்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பகலெல்லாம் சரிவில் குனிந்து, அட்டைக் கடியில் காய் எடுக்கும் உழைப்பையும், நாற்காலியைவிட்டு எழுந்திருக்க ஒருவர் படும் சங்கடத்தையும் ஒரே தராசில் வைக்க எப்படித்தான் மனம் வருகிறதோ!

அதைவிடவும் எனக்குள்ள குறை அத்தை விஷயத்தில்தான். முழங்கால் வலிக்காக, அதிகம் இறுக்காமல் வீட்டிலேயே சைக்கிள் மிதிக்கும்படி அத்தைக்கு வைத்தியர் சொல்லி வெகு காலமாகிவிட்டது. ஊருக்கெல்லாம் தேர்ந்து கொடுத்தவர் இதற்கு மட்டும் தேர்ந்துகொண்டே இருந்தார். காந்தமா கம்பளியா, சாய்மானம் உள்ளதா இல்லாததா, தீபாவளித் தள்ளுபடியா பொங்கல் தள்ளுபடியா என்று அவர் பத்தி பத்தியாக எழுதிய காலமெல்லாம் அத்தை இடுப்பைப் பிடித்துக்கொண்டு மாடிப்படி ஏறினாள். அவளுக்கு எடை குறையவேண்டும் என்று வைத்தியர் சொல்லவில்லையாம். ஆகவே விலையை நிர்ணயிக்க வழியில்லையாம். இதற்கு என்ன பெயர் வைப்பது? நான் வைத்த பெயரை இங்கே எழுத முடியாது.

கடைசியில் அத்தை தன் சீட்டுப் பணத்தில் இரண்டாயிரத்து ஐந்நூறு ரூபாய் கொடுத்து, எதிர் வீட்டில் சும்மா கிடந்த பழைய கம்பளித் துண்டு சைக்கிளைத் தூக்கிவரச் செய்துவிட்டாள். மாமா அதைச் சுற்றிச் சுற்றி வந்து குறை சொன்னார். அத்தை தொலைக்காட்சித் தொடர் பார்த்துக்கொண்டே மிதித்தாள். சில வாரம் கழித்துக் கடையிலிருந்து மூட்டை நிறுக்கும் தராசையே வீட்டுக்குக் கொண்டுவந்து, ஏறி நிற்கச் சொன்னார் மாமா.

"ஏலக்கா மூடை நிறுக்கிறதுல நா ஏற மாட்டேன், போங்க" என்றாள் அத்தை.

"பெறகு எப்பிடித்தான் கணக்குப் பாக்குறது?"

"முன்னால டாக்டரு, வலி பத்துக்கு எத்தனைன்னு கேட்டாரு, எட்டுன்னேன். போன வாரம் கேட்டாரு, நாலுன்னேன். அம்புட்டுத்தான் எனக்குத் தெரியும்."

மாமா சட்டென்று நிமிர்ந்தார். கணக்குப் புத்தகத்தை எடுத்துப் புதிதாக ஒரு பத்தி போட்டார். எச்சில் தொட்டுப் பக்கத்தைத் திருப்பி, இரண்டாயிரத்து ஐந்நூறை நாலால் வகுத்து, உதட்டைப் பிதுக்கினார்.

"புள்ளிக்கு அறுநூத்தி இருவத்தஞ்சு விழுகுது மாப்ள. பேசியிருந்தா ஐந்நூறுக்கு முடிச்சிருக்கலாம்."