பிளாஸ்டிக் புழுவின் வர்ண நிர்ணயம்

பாயிரம் இல்லாத நூலைப் பண்டிதர்கள் தொடுவதில்லை. பாயிரம் உள்ள நூலிலும் அவர்களிற் பலர் பாயிரத்தோடு நின்று கொள்கிறார்கள் என்பது வேறு விஷயம். ஆகவே மரபுக்கு மாறுபடாமல் முதலிலேயே கூறி விடுகிறேன். இவ்வாராய்ச்சியின் எல்லை, அமெரிக்க ஐக்கிய நாட்டின் ஏரிகளும் அவ்வேரிக்கரைகளில் உள்ள தூண்டிற் கடைகளும். எடுத்துக்கொண்ட பொருள், பாஸ் என்னும் மீனைப் பிடிப்பதற்கு உரிய கருவிகளும் உபாயங்களும். கற்பதற்கு உரியவர், வீட்டில் நான்கு தூண்டிற்கோல்களை வைத்துக்கொண்டு ஐந்தாவதற்கு நியாயம் தேடுகின்றவர். பயன், அந்த நியாயம்.

முதற்கண், மீன் எது என்று நிர்ணயித்துக் கொள்ள வேண்டும். பெரிய வாய்ப் பாஸ் என்று அமெரிக்கர் போற்றும் இம்மீன் பாஸ் வம்சத்தைச் சேர்ந்ததே அன்று. சன்ஃபிஷ் என்னும் குடும்பத்தது. வாய் பெரியது என்பது மட்டும் மெய். அதன் மேல்தாடை கண்ணையும் கடந்து பின்னே செல்லும். இதன் குலத்துக்கு விஞ்ஞானப் பெயர் சூட்டியவர் லாசெபேட் என்னும் பிரெஞ்சுப் பேரறிஞர். 1802-ஆம் ஆண்டில் அவர் ஆராய்ந்த மாதிரி, இம்மீனின் தம்பி முறையான சிறிய வாய்ப் பாஸ். அதன் முதுகுத் துடுப்பு பின்பகுதியில் சிதைந்து, ஒரு சிறு துண்டு மட்டும் தனியாக நின்றது. அந்தத் துண்டையே இவ்வினத்தின் சிறப்பிலக்கணம் என்று கொண்டு, சிறு துடுப்புடையது என்னும் கருத்துப்பட அவர் மைக்ரோப்டெரஸ் என்று பெயரிட்டு விட்டார். அன்று தொட்டு இன்று வரை முழுத் துடுப்போடு எத்தனையோ தலைமுறை மீன்கள் நீந்தியும், முந்திய பெயரே செல்லும் என்ற விதியினால், அந்த ஊனமுற்ற ஒன்றின் பெயரையே அத்தனையும் சுமந்து வருகின்றன. ஏட்டில் செல்லரித்த இடத்தைக் கொண்டே புலவரின் நடையழகை நிறுவிய ஆராய்ச்சிகளை நாம் படித்திருப்பதால் இதில் வியப்படைய யாதும் இல்லை. போதாக்குறைக்கு, 2022-இல் வெளிவந்த ஒரு மரபணு ஆய்வு, புளோரிடாவில் வாழும் பாஸ் வேறு, மற்றப் பெரிய வாய்ப் பாஸ் வேறு என்று கண்டு, இருவருக்கும் பொதுவாக இருந்த சால்மாய்டிஸ் என்ற பெயரைப் புளோரிடாக்காரருக்கே தாரை வார்த்து, மற்றவருக்கு நைக்ரிகன்ஸ் என்ற பெயரை வழங்கியது. இரு திறத்து மீன்களும் இத்தீர்ப்பை எவ்வித ஆட்சேபமும் இன்றி ஏற்றுக்கொண்டன.

இனிக் கருவிகள். தூண்டிற்கோல் ஏழடி இருந்தால் போதும், வேறொன்றும் சொல்வதற்கில்லை.

ரீல் என்னும் சுருளுருளையைப் பற்றிச் சிறிது கூறலாம். கென்டக்கி மாநிலத்துப் பாரிஸ் என்னும் ஊரில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வாழ்ந்த ஜார்ஜ் ஸ்னைடர் என்ற கடிகாரத் தொழிலாளி, கைப்பிடி ஒரு சுற்றுச் சுற்றினால் உருளை பல சுற்றுச் சுற்றும்படி பற்சக்கரம் வைத்து ஒரு ரீலைச் செய்தார். வீசிய இரை வேகம் குறைந்த பின்னும் உருளை வேகம் குறையாமற் சுழலுமானால், தூண்டில் நரம்பு முழுவதும் உள்ளேயே சிக்கிக்கொண்டு, அமெரிக்கர் பறவைக்கூடு என்று அழைக்கும் நிலையை எய்தும். இரை நீரைத் தொடும் கணத்தில் கட்டைவிரல் உருளையைத் தொட வேண்டும் என்பதே இதற்குப் பரிகாரம். அது கைவரும் வரையில் அந்தக் கூட்டைப் பிரித்துக்கொண்டு படகில் உட்கார்ந்திருப்பவர்கள், மனிதருடைய நேரத்தை அளக்கும் தொழிலில் இருந்த ஒருவரே அதனைப் போக்கும் கருவியையும் தந்தார் என்பதைச் சிந்திக்க அவகாசம் பெறுவார்கள்.

நரம்பு மூன்று வகை. நைலான் நரம்பு சற்றே நீண்டு கொடுக்கும். நீர்மேல் ஆடும் இரைக்கு அது உகந்தது. ஃபுளோரோகார்பன் நன்கு அமிழும், புழுவுக்கு அது. பின்னல் நூல் நீள்வதே இல்லை. பாசியும் அல்லியும் அடர்ந்த இடத்தில் மீனை வேரோடு பிடுங்க அது. முடிச்சு எனின், பாலோமர் முடிச்சே போதும்: நரம்பை இரட்டையாக மடித்து முள்ளின் காதில் நுழைத்து, தளர்வாக ஒரு முடிச்சிட்டு, எஞ்சிய வளையத்துள் முள்ளை முழுவதுமாகப் புகுத்தி, எச்சிலால் நனைத்து இறுக்க வேண்டும். நனையாத நரம்பு இறுகும்போது உராய்வின் சூட்டினால் வலிவு குன்றும். இதில் அபிப்பிராய பேதம் இல்லாமையால் அறிஞர் எவரும் இதைப்பற்றி விரித்து எழுதுவதில்லை.

இவ்வாராய்ச்சியின் உயிர்நிலைக்கு இப்போது வருகிறோம்.

1949-ஆம் ஆண்டில் ஒஹாயோ மாநிலத்து ஆக்ரன் நகரில் நிக் கிரீம் என்பவர் வினைல் பிளாஸ்டிக்கைக் காய்ச்சி, மண்புழுவின் உருவில் வார்த்தெடுத்தார். அதற்கு முன்னும் செயற்கை இரைகள் இருந்தன. ஆயினும் அவை பெரும்பாலும் மரத்தாலும் உலோகத்தாலும் ஆனவை, கடித்த மீன் உடனே உண்மையை உணர்ந்து உமிழ்ந்து விடும். இதுவோ மெத்தென்றிருந்தமையால், மீன் சற்று நேரம் ஐயுற்றுக் கொண்டிருந்தது. அந்த ஐயத்தின் இடைவெளியில்தான் அமெரிக்கர் கோலைச் சுண்டுகிறார்கள்.

புழுவைக் கோக்கும் முறைகளுள் டெக்ஸாஸ் முறையே தலையாயது. துப்பாக்கிக் குண்டின் வடிவான ஈயத்தை முதலில் நரம்பிற் கோத்துவிட்டு, முள்ளைக் கட்டி, முள்ளின் நுனியைப் புழுவின் தலையிற் செலுத்திக் கால் அங்குலத்தில் வெளியே எடுத்து, முள்ளின் காது வரை புழுவை ஏற்றி, முள்ளைத் திருப்பி, நுனியை மீண்டும் புழுவின் உடலுக்குள்ளேயே மறைத்துவிட வேண்டும். நுனி மறைந்திருப்பதால் பாசியிலும் கட்டையிலும் மாட்டாது. புழு நேராகத் தொங்குகிறதா என்று பார்த்துக் கொள்ளுங்கள். கோணலாக இருந்தால் நீரிற் சுழன்று நரம்பை முறுக்கிவிடும். பாசியின் ஓரமோ, மூழ்கிய மரமோ, படகுத்துறையின் நிழலோ பார்த்து வீசி, அடியைத் தொடும் வரை பொறுத்து, கோலின் நுனியை மெல்ல உயர்த்தித் தாழ்த்துக. மீன் பெரும்பாலும் புழு தாழும்போதுதான் வாயைத் திறந்து நீரோடு சேர்த்து உறிஞ்சும். அப்போது நரம்பு ஒரு துடிப்புத் துடிக்கும், அல்லது பக்கவாட்டில் நகரும். தளர்வைச் சுற்றி எடுத்தபின் கோலை மேல்நோக்கி வீசி இழுக்க வேண்டும். குளிர்ந்த நீரில் மீனின் உடல் இயக்கம் மந்தப்படுமாதலால் நாமும் மந்தமாக இயங்குவது நன்று. வசந்தத்தில் நீர் 60 முதல் 65 பாரன்ஹீட் அளவு வெதும்பியதும் ஆண்மீன் கரையோர ஆழமற்ற நீரில் கூடமைத்துக் காவல் நிற்கும். தவளை உருவ இரையை நீர்மேல் ஆட்டுபவர், மீன் பாயும் ஓசை கேட்டவுடன் இழுத்தால் தவளைதான் திரும்பி வரும். கனம் கையில் தெரியும் வரை பொறுக்க வேண்டும்.

இவையெல்லாம் எளியவை. புழு எந்த நிறத்தில் இருத்தல் வேண்டும் என்பதுதான் அரிய வினா.

மண்புழு தன் இயற்கை நிறத்தில் இருந்த காலத்தில் இவ்வினா எழ வழி இல்லை. பிளாஸ்டிக்கில் எச்சாயத்தையும் கலக்கலாம் என்று ஆன பிறகு, தர்பூசணி நிறம், பச்சைப் பூசணி நிறம், ஜூன் வண்டு நிறம், மோட்டார் எண்ணெய் நிறம் என்று வர்ணங்கள் பெருகின. ஏரியில் பிறந்து ஏரியில் மடியும் மீனுக்குத் தர்பூசணியோடு பரிச்சயம் ஏது என்று வினவுபவர் மரபறியாதவர், அவரோடு வாதிடுவதற்கில்லை.

மதங்கள் பலவாயினும் அடிப்படையானவை இரண்டு. தர்பூசணி மதத்தார், தெளிந்த நீரில் ஒளி ஊடுருவும் பச்சையே மீனை மயக்கும் என்பர் (பொட்டல மேலுறை, முன்பக்கம்). பச்சைப் பூசணி மதத்தார், பழுப்புக் கலந்த பச்சையே எந்த நீருக்கும் பொருந்தும் என்பர் (வேறொரு பொட்டல மேலுறை, பின்பக்கம், மாட்டும் துளைக்குக் கீழே). இரு புழுக்களையும் அருகருகே வைத்தால் வேற்றுமை காணப் பகல் வெளிச்சமும் நல்ல மூக்குக்கண்ணாடியும் தேவைப்படும் என்பது மெய்யே. ஆயினும் வேற்றுமை நுட்பமாகும் அளவுக்கு வாதம் பருமனாகும் என்பது எல்லாச் சாஸ்திரங்களுக்கும் பொது. தர்பூசணி மதத்துள்ளேயே செந்துகள் தூவியது, கருந்துகள் தூவியது என்று இரு கிளைகள் உண்டு. செந்துகட் கிளையார், துகள் இறாலின் கண்ணைக் குறிக்கும் என்று வலிந்து பொருள் கொள்கின்றனர். புழுவுக்கு இறாலின் கண் எதற்கு என்னும் தடைக்கு அவர்கள் கூறும் விடை, கிழிந்துபோன ஒரு மேலுறையின் கீழ்மூலையில் இருந்திருக்க வேண்டும் (மேற்படி உறை, இப்போது இல்லாத வரி; இல்லாமையாலேயே அது முக்கியமான வரி என்பது பெறப்படும்; இதனை மறுப்பாரை, அவ்வுறையை முதலிற் கிழித்தவர் யாவர் என்ற வினாவினால் மடக்குக).

இம்மதங்கள் கைக்கொள்ளும் பிரமாணங்கள் மூன்று. மீன் பிடிபட்டால் அது பிரத்தியட்சம். பிடிபடாவிட்டால், நிறம் சரியே, நீர்தான் சரியில்லை என்று கொள்வது அனுமானம். கடைக்காரர் சொல்வது ஆப்தவாக்கியம்.

இச்சர்ச்சையைத் தீர்த்து வைக்கவென்றே 1980-களில் ஓக்லஹோமா பல்கலைக்கழகத்து விலங்கியல் பேராசிரியர் ஒருவர் கலர்-சி-லெக்டர் என்னும் கருவியை அமைத்தார். கம்பியின் நுனியிலுள்ள உணரியை நீருக்குள் இறக்கினால், இந்த ஆழத்தில், இந்தக் கலங்கலில் இன்ன நிறம் தெளிவாகத் தெரியும் என்று அதன் முள் காட்டும். மக்கள் ஆவலோடு வாங்கினார்கள். ஆனால் கருவி ஒரு நிறத்தைச் சொன்னதும் அந்நிறத்துப் புழு கைவசம் இல்லாமற் போவதும், அதை வாங்கக் கடைக்குச் செல்வதும் இயல்பாதலால், அக்கருவி சர்ச்சையைக் குறைத்ததோ இல்லையோ, கடைக்காரரின் சரக்கைக் குறைத்திருக்கும்.

சரித்திர ஆதாரத்தையும் ஒரு வார்த்தை ஆராய வேண்டும். பெரிய வாய்ப் பாஸில் உலகப் பெருமீன், 1932 ஜூன் 2-ஆம் நாள் ஜார்ஜியா மாநிலத்து மான்ட்கோமரி ஏரியில் ஜார்ஜ் பெரி என்னும் இருபது வயதுக் குடியானவர் பிடித்தது. எடை 22 பவுண்டு 4 அவுன்ஸ். அவரிடத்தும் அவர் தோழரிடத்துமாகச் சேர்ந்து அன்று இருந்தது ஒரே தூண்டிற்கோலும் ஒரே செயற்கை இரையும். அந்த இரை எது என்பதில்தான் பாடபேதம்: விகிள்ஃபிஷ் என்பார் ஒரு சாரார், ஃபின்டெயில் ஷைனர் என்பார் மற்றொரு சாரார். பிளாஸ்டிக் புழுவே பிறவாத காலமாயினும், தம் மதத்துக்கு முன்னோடியாக அவரைக் கொள்ள ஆசைப்படாதார் எவரும் இல்லை. மூலத்தைப் பார்த்து முடிவு செய்யலாம் என்றால், மீனை எடைபோட்ட பின் பெரியின் வீட்டார் அதைச் சமைத்து உண்டு விட்டனர். நம் பழைய நூல்கள் கடலுக்குப் போயின என்று வருந்துகிறோம். இங்கே மூலம் வயிற்றுக்குப் போயிற்று. இரண்டிடத்தும் ஆராய்ச்சி செழித்ததற்குக் காரணம் ஒன்றே.

2009 ஜூலை 2-இல் ஜப்பானின் பிவா ஏரியில் மனாபு குரிதா என்பவர் பெரியின் மீனினும் ஓர் அவுன்சுக்கும் சற்றுக் குறைவாகவே கூடிய மீன் ஒன்றைப் பிடித்தார். இரண்டு அவுன்சாவது மிஞ்சினால்தான் பழைய சாதனை வீழும் என்பது விதியாகையால், இருவரும் சமம் என்று அறிவிக்கப்பட்டது. அவர் இட்ட இரை உயிருள்ள புளூகில் மீன். அதன் நிறத்தை அவர் தேர்ந்ததாகத் தெரியவில்லை. அறிவிக்குமுன் அவரைப் பொய்யறி கருவியில் அமர்த்திச் சோதித்தார்கள், அவர் தேறினார். ஒரு மீனுக்கு வேண்டிய இக்கருவியைப் பட்டத்துக்குரிய வாய்மொழித் தேர்விலும் சேர்ப்பது பற்றி நம் பல்கலைக்கழகங்கள் இதுவரை யோசித்ததாகத் தோன்றவில்லை.

கடைசியாக, எல்லோரும் வாதிட்டு ஓய்ந்த பிறகு, மீனையே கேட்டார்கள். இல்லினாய்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பாஸ் மீன்களை நிறம் பார்த்து இரைக்கு வரும்படி பழக்கிச் சோதித்ததில், அவற்றின் கண்ணிலே நிறம் அறியும் கூம்பணுக்கள் சிவப்புக்கு ஒன்றும் பச்சைக்கு ஒன்றுமாக இரு வகையே உண்டு என்பதும், சிவப்பையும் பச்சையையும் அவை நன்கு பிரித்தறியும் என்பதும், பளீரென்ற பச்சை மஞ்சளை வெள்ளையிலிருந்தும் நீலத்தைக் கறுப்பிலிருந்தும் அறிய இயலாமல் மயங்கும் என்பதும் தெரிந்தன. நீலப் புழுவா கறுப்புப் புழுவா என்று வேறு இரு மதத்தார் செய்து வந்த வாதம், எவருடைய பொருட்டுச் செய்யப்பட்டதோ அவருக்கு ஒன்றாகவே தெரிந்து வந்திருக்கிறது.

வித்துவான்கள் இதற்கும் சமாதானம் வைத்திருப்பார்கள்: மீன் வேற்றுமை அறியவில்லை என்பதனால் வேற்றுமை இல்லை என்று ஆகாது, மேலும், கடைக்கு வந்து புழு வாங்குவது மீன் அன்று. இரண்டாவது சமாதானத்துக்கு என்னிடம் மறுப்பு இல்லை.

ஆதலின், நீலம் ஒரு பொட்டலமும் கறுப்பு ஒரு பொட்டலமும் வாங்கக் கடைக்குப் புறப்பட்டிருப்பவர்கள் ஏதேனும் ஒன்றை வாங்கிக்கொண்டு, மிஞ்சும் காசுக்குக் கூர்மையான முட்களாகப் பார்த்து வாங்குங்கள்.