கூப்பிடு தூரத்து வெளிநாடு

லண்டனுக்குக் குடிபோகிறவன் ஆறு மாதம் முன்பே கம்பளிச் சட்டை தேட ஆரம்பித்துவிடுவான். ஜொகூர் பாருவிலிருந்து சிங்கப்பூருக்குப் போக என்ன ஏற்பாடு வேண்டிக்கிடக்கிறது? நடுவில் இருப்பது ஒரு கிலோமீட்டர் சொச்சக் கடற்பாலம். அங்கே தமிழ் ஆட்சிமொழிகளில் ஒன்று, நாசி லெமாக் கிடைக்கும், பிளக்குக்குக்கூட அதே மூன்று துளை. பழைய பெட்டியில் நாலு சட்டையைத் திணித்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். பாலத்தை ஒட்டிக் குழாயில் ஓடும் எங்கள் ஊர்த் தண்ணீரே 1962-இல் 99 ஆண்டு ஒப்பந்தம் போட்டுக்கொண்டுதான் அந்தப் பக்கம் போகிறது. நானோ அறை வாடகைத் தாளைக்கூடப் புரட்டிப் பார்க்கவில்லை.

'லேசான சமையல் மட்டும்' என்று அதில் எழுதியிருந்ததாம். ஈசூனில் ஒரு வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் அறை. வந்த முதல் ஞாயிற்றுக்கிழமையே பிளாச்சான் வறுத்து நெத்திலிச் சம்பல் கிளறினேன். வாசனை மின்தூக்கி வரை போயிருக்கிறது. வீட்டுக்கார அக்கா கோபித்துக்கொள்ளவில்லை, அதுதான் தர்மசங்கடம். எல்லா ஜன்னலையும் திறந்துவிட்டு, "தம்பி, லேசான சமையல்னா மெகி" என்றார். மீதிச் சம்பலை டப்பாவில் வாங்கி வைத்துக்கொண்டார் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அடுத்தது உணவங்காடி. மத்தியானக் கூட்டத்தில் ஒரே ஒரு மேசை காலியாக இருந்தது, மேலே ஒரு டிஷ்யூ பாக்கெட். யாரோ புண்ணியவான் விட்டுப் போயிருக்கிறான் என்று தட்டோடு உட்கார்ந்து, ரெண்டு தாளை உருவி நெற்றியைத் துடைத்தேன். மீன் சூப்பை ஏந்தியபடி ஓர் அலுவலகப் பெண் வந்து நின்று என் முகத்தையும் பாக்கெட்டையும் மாறி மாறிப் பார்த்தார். தமிழ்நாட்டில் பஸ் சீட்டில் துண்டு போடுவார்களாமே, அதே சட்டம் இங்கே டிஷ்யூவுக்கு. பதறி எழுந்து ஓடியதில் பாதி சாப்பிட்ட தட்டு மேசையிலேயே கிடந்தது. துப்புரவுத் தாத்தா பின்னாலிருந்து கூப்பிட்டுத் தட்டைக் காட்டினார். 2021-லிருந்து தட்டைத் திருப்பி வைக்காதவர்களுக்கு முதலில் எச்சரிக்கை, மறுபடி செய்தால் அபராதம். ஒரே சாப்பாட்டில் இரண்டு தப்பு செய்தவன் நானாகத்தான் இருப்பேன்.

பணக் கணக்கு வேறு. ஒரு சிங்கப்பூர் வெள்ளிக்கு மூன்று ரிங்கிட்டுக்கு மேல் வந்ததால், சம்பளத்தை மூன்றால் பெருக்கி ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தேன். வாடகையையும் கோப்பியையும் பெருக்கி யாரிடமும் சொல்லவில்லை. அம்மா மட்டும் எப்படியோ கண்டுபிடித்துவிட்டார்.

இதெல்லாம் போகட்டும், தைப்பூசம்தான் என் மானத்தை வாங்கியது. ஜொகூரில் அன்றைக்கு விடுமுறை. சிங்கப்பூரிலோ சிராங்கூன் சாலை ஸ்ரீ ஸ்ரீநிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு வரை காவடி ஊர்வலம் போகிறது, இவ்வளவு கூட்டம் கூடுகிற நாளுக்கு விடுமுறை இல்லாமலா இருக்கும்? யாரையும் கேட்கத் தோன்றவில்லை. நிதானமாக எழுந்து, குளித்து, திருநீறு பூசி, ஊர்வலத்தோடு நடந்துகொண்டிருந்தபோது சூப்பர்வைசர் போன் செய்தார்.

"எங்கப்பா இருக்கே?"

"தைப்பூசம்ணே. லீவுதானே?"

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பக்கத்தில் உறுமி மேளம் அவருக்கும் கேட்டிருக்கும்.

"நானே ராத்திரி பால்குடம் எடுத்து முடிச்சுட்டு, காலையில வேலைக்கு வந்து உக்காந்திருக்கேன் தம்பி."

திருநீற்றோடு வேலைக்குப் போய்ச் சேர்ந்தேன். அவர் நெற்றியிலும் திருநீறு இருந்தது, அதைப் பார்க்கத்தான் எனக்குத் தைரியம் வரவில்லை. சிங்கப்பூர் 1968-இல் பொது விடுமுறைகளைக் குறைத்தபோது பட்டியலிலிருந்து போன நாள் அது. சொந்த விடுப்பில் ஒரு நாளை எழுதிக் கொடுத்தால்தான் உண்டு. பாலம் தாண்டி வரப்போகிறவர்கள் அடுத்த தைப்பூசத் தேதியைப் பார்த்து இப்போதே எழுதிக் கொடுத்துவிடுங்கள். எங்கள் பிரிவில் அந்த நாளுக்கு ஏற்கெனவே ஆள் இருக்கிறது, சூப்பர்வைசர் முந்திக்கொண்டுவிட்டார்.