மட்கார்டைக் கழட்டி வீசு, மாப்ளே

பெயிண்டுக்காரனுக்கு முன்பணம் குடுத்தாச்சுன்னு அம்மிணி சொல்லுச்சு. ரொம்ப சந்தோசம் மாப்ளே. கதவு சாத்த மாட்டேங்குது, பானெட்டு ஒரு ஓரம் தூக்கிக்கிட்டு நிக்குது, இடது மட்கார்டு ஓட்டைக்கும் சேஸ் ஓட்டைக்கும் பேச்சுவார்த்தையே இல்லை. ஆனா கலர் முடிவாயிருச்சு. மஞ்சளாமா! 1973-ல வந்த 'அமெரிக்கன் கிராஃபிட்டி' படத்து வண்டி அந்தக் கலர்தான்னு போன்ல காட்டுன. நல்லாத்தான் இருக்குது. கல்யாண மண்டபம் பேசி, பத்திரிகை அடிச்சு, பொறவு பொண்ணு தேடறவனை நான் இப்பத்தான் பாக்கறன்.

நான் கரூர்ல பஸ்ஸுக்குப் பாடி கட்டிப் பொழச்சவன். ஒகையோவும் எனக்குப் புதுசு, ஹாட் ராடுன்னு நீ கட்டற இந்த 1932 ஃபோர்டும் புதுசு. தகரம் புதுசில்லை. அதனால உன்ற கராஜ் ஓரத்துல வாளியக் கவுத்துப் போட்டு உக்காந்துக்கிட்டு ரெண்டு வார்த்தை சொல்றன். காதுல அந்தப் பாட்டுக் குமிழை மாட்டிக்காம கேளு.

ராத்திரி சோறு திங்கறப்ப நீ சொல்ற கதையெல்லாம் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கறன். 1932-ல ஹென்றி ஃபோர்டு எட்டு சிலிண்டர் எஞ்சினை ஒரே வார்ப்புல ஊத்தி எறக்குனாரு. 65 குதிரை சக்தி. ரோட்ஸ்டர் வண்டி 460 டாலர். அந்தக் காசுக்கு இன்னைக்கு உனக்கு ஒரு பானெட்டு வருமா? அதைக் கேட்டா மூஞ்சியத் திருப்பிக்குவ. அப்பறம் கலிபோர்னியாப் பசங்க வந்தாங்க. முரோக், எல் மிராஜ்னு வறண்டு கெடந்த ஏரிப் படுகையில வண்டிய வெரட்டறதுக்கு 1937-லயே சங்கம் வெச்சுட்டாங்க. பட்டாளத்துக்குப் போய் சண்டை முடிஞ்சு வந்தவனுங்களும் பழைய வண்டிய வாங்கி அதையேதான் பண்ணுனாங்க. என்ன பண்ணுனாங்க? மட்கார்டைக் கழட்டி வீசுனாங்க. பம்பரை வீசுனாங்க. பானெட்டை வீசுனாங்க. கனம் கொறைஞ்சா வண்டி பறக்கும்னு கணக்கு.

அதுல இன்னொரு லாபம் இருந்துச்சு பாரு. எந்தத் தகரம் பொருந்தலையோ அதைப் பூரா தூக்கி எறிஞ்சாச்சு! 1932 சேஸோட பக்கவாட்டுல பாடியோட வளைவைத் தொடந்துக்கிட்டே ஒரு வரி அச்சடிச்சிருக்குதே, மட்கார்டு இல்லைன்னாலும் வண்டி அம்மணமாத் தெரியாது. அதனாலதான் அந்த வருச மாடலுக்கு இத்தனை கிராக்கி. முன்னோர் அத்தனை புத்தியாப் பொழச்ச தொழில்ல, நீ பழைய வண்டிச் சாமான் விக்கற ஹெர்ஷி சந்தைக்குப் போய் அவனுங்க வீசுன மட்கார்டைக் காசு குடுத்துப் பொறுக்கிக்கிட்டு வந்திருக்கற. மாமன் பேச்சைக் கேட்டா அதை அப்படியே அக்கட்டால போட்டுட்டு நடையைக் கட்டு. அரை வேலை முடிஞ்சுது.

மாட்டயா? செரி. மாட்டித்தான் தீரோணும்னா கேளு.

முந்தாநேத்து நீ கதவு இடுக்கை அளந்ததைப் பாத்தன். வெர்னியர் வெச்சு, டார்ச் அடிச்சு, நோட்டுல எழுதி. சேஸ் நாலு ஸ்டாண்டு மேல நிக்குது. எஞ்சின் மூலையில போர்வை போத்திப் படுத்துக் கெடக்குது. கியர்பாக்ஸ் இல்லை, பெட்ரோல் டேங்க் இல்லை. இத்தனையும் ஏறி டயர் தரையில நின்னா அந்தச் சேஸ் இம்மியாவது வளையுமா வளையாதா? மேல கூரை இல்லாத வண்டி அது. கதவுக்கு முன்னால இருக்கற கௌலையும் பின்பக்கத்தையும் கதவுக்குக் கீழ ஓடற சட்டம்தான் பிடிச்சுக்கிட்டு இருக்குது. அது மயிரிழை வளைஞ்சா கதவு இடுக்கு மேல தெரியும். நீ எழுதுன கணக்கு ஸ்டாண்டு மேல நிக்கற வண்டிக்கு. வாழ்நாள் பூரா அதை ஸ்டாண்டுலயே ஓட்டறதா இருந்தா ஒரு குத்தமும் இல்லை.

எஞ்சினை ஏத்து. வெறும் பிளாக்கா இருந்தாலும் செரி, கனம் இருக்கோணும். சக்கரத்தைத் தரையில எறக்கு. ரசமட்டம் வெச்சுப் பாரு. அப்பறம் பாடிக்கும் சேஸுக்கும் நடுவுல இருக்கற ரப்பர்ல கைய வை. கதவோட பின் இடுக்கு மேல நெருங்கிக் கீழ விரிஞ்சிருந்தா நடுவு தொங்குதுன்னு அர்த்தம். நடு ரப்பருக்கடியில தகடு சொருகு. மேல விரிஞ்சு கீழ நெருங்குனா நடுவு எழும்பியிருக்குது. அங்க தகட்டைக் கொறை, இல்லாட்டி ரெண்டு கோடியையும் தூக்கு. ஒன்னரை மில்லித் தகடு பண்ற வேலையை உன்ற கிரைண்டர் பண்ணாது. ஆனா கிரைண்டருக்குத்தான் சத்தம் இருக்குது, பொறி பறக்குது, வீடியோவுல நல்லா விழுகுது. தகடு சொருகறதை யாரு பாப்பா?

கதவுதான் மொதல்ல. நம்மூர்ல ஊடு கட்டறப்ப கதவு நிலையை நிறுத்திட்டு அதுக்கப்பறம் செவுத்தை ஏத்தறாங்கல்ல, அதே கதைதான். நீ மூஞ்சியில இருந்து ஆரம்பிச்சுட்ட. கிரில்லை மாட்டி, வெளக்கை மாட்டி, தள்ளி நின்னு போட்டோ புடிச்சு நாலு பேருக்கு அனுப்பியும் போட்ட. அது தப்பில்லை மாப்ளே, மூஞ்சி அழகா இருந்தா கதவைப் பத்தி எவன் கேக்கப் போறான்? உள்ள ஏறப்போறவன்தான் கேப்பான்.

இந்த பானெட்டு சமாச்சாரத்துல கொஞ்சம் நின்னுதான் போகோணும். மேல ரெண்டு, பக்கத்துக்கு ஒன்னு, ஆக நாலு துண்டு, மூணு கீல். பின்னால கௌல், முன்னால ரேடியேட்டர் ஓடு, நடுவுல அது தொங்குது. உன்றது எப்படி? பாடி ஒருத்தன் புதுசா அடிச்சது, ஓடு இன்னொருத்தன், பானெட்டு மூணாமவன், மட்கார்டு மட்டும் தொண்ணூறு வருசத்துக் கெழவி. இதுகளை ஒன்னா நிறுத்துனா மொதல் நாளே சம்பந்தியாகிக் கொஞ்சிக்கும்னு நெனச்சயா? நேத்து பானெட்டு ஓரத்துல சாக்பீஸ்ல கோடு போட்டு வெச்சிருக்கற, வெட்டறதுக்கு. வெட்டு. வெட்டுனா அது கொறையும், கொறைஞ்சது வளராது.

வெட்டறதுக்கு முந்தி, கௌல்ல இருந்து ரேடியேட்டருக்கு ரெண்டு கம்பி ஓடுது பாரு, அதோட நுனியில மரையும் நட்டும் சும்மா அலங்காரத்துக்கு வெக்கல. ரெண்டு சுத்து திருகுனா ரேடியேட்டர் தலை முன்னால சாயும், பின்னால சாயும். அடியில ஒரு தகடு கூடக்கொறைய வெச்சா ஒசரும், தாழும். பானெட்டோட பாதிச் சண்டைக்கு ரேடியேட்டர்தான் காரணம். அதை நகத்தி நகத்திப் பாத்துட்டு, இனி நகத்த எடமில்லைன்னு ஆன பொறவு சாக்பீஸை எடு.

போல்ட்டு முடுக்கற அழகையும் பாத்தன். காத்து ஸ்பானரை வெச்சு மொதல் போல்ட்டை டர்ர்ருன்னு கடைசி வரைக்கும் எறக்கிப்போட்டு, நாலாவது ஓட்டை சேரலைன்னு மட்கார்டைத் திட்டுன. கெழவிக்குக் காது கேக்காது, இல்லாட்டி திருப்பித் திட்டியிருப்பா. எல்லா போல்ட்டையும் ரெண்டு மரை மட்டும் புடிக்க வெச்சுத் தொங்க விடு. தட்டு, அசை, தள்ளிப் பாரு. எல்லாம் எடத்துக்கு வந்த பொறவு மாத்தி மாத்தி முடுக்கு. அப்பவும் சேரலைன்னா ஓட்டையை அரத்துல நீட்டு. அது ஒன்னும் மானக்கேடு இல்லை, மேல வாஷர் ஒக்காந்தா எவனுக்கும் தெரியாது. பாடிக்கும் மட்கார்டுக்கும் நடுவுல பீடிங் பட்டை வருமே, அதையும் வெச்சுத்தான் மாட்டிப் பாக்கோணும். அது திங்கற எடத்தை மறந்துட்டுத்தான் பல பேர் கடைசி நாள்ல கண்ணுல தண்ணி விடறாங்க.

கதவு ஓரத்துல இடுக்கு பெருசா இருந்தா கம்பிய வெச்சு வெல்டு பண்ணித் தேச்சுக்கலாம், செரிதான். ஆனா ஒரே இழுப்பா இழுத்துப்போடாத. இங்க ஒரு டாக் வெல்டு, அங்க ஒரு டாக் வெல்டு, கை வெக்கற சூடு வந்த பொறவு அடுத்தது. தகரம் சூட்டுல விரிஞ்சு, ஆறுறப்ப விரிஞ்சதுக்கு மேல சுருங்கும். அவசரப்பட்டா கதவு அப்பளம்.

அப்ப பட்டி டப்பா எடுப்ப. அந்தக் காலத்துல ஈயத்தை உருக்கி மரத்தட்டையில தடவித்தான் மேடுபள்ளத்தை மூடுனாங்க. அதுக்கே தனிக் கைப்பக்குவம் வேணும். இப்ப டப்பாவத் தொறந்தா வித்தை வந்துருது. மூணு மில்லிக்கு மேல அப்பாத மாப்ளே. அதுக்கு மேல வேணும்னா சுத்தியும், தகரத்துக்குப் பின்னால புடிக்கற டோலியும் இன்னும் வேலை பாக்கலைன்னு அர்த்தம். இல்லை, அப்பத்தான் அப்புவன்னா தாராளமா அப்பு. ரெண்டு குளிர் தாண்டட்டும், பட்டி தானா எந்திரிச்சு வந்து உங்கிட்டப் பேசும்.

இடுக்கு எத்தனை வேணும்னு கேட்டயே. நாலு மில்லி போதும். வெறும் தகரத்துல அஞ்சு வெச்சுக்க, ஏன்னா பிரைமரும் கலரும் மேல்பூச்சும் ரெண்டு ஓரத்துலயும் ஏறி எடத்தைத் தின்னும். ஹென்றி ஃபோர்டு விட்ட இடுக்கைப் பாத்தா உனக்குத் தூக்கமே வராது, அந்தாளு தாராளமாத்தான் விட்டிருக்காரு. நாலா அஞ்சாங்கறதைப் பாக்கறவன் கண்ணு அளக்காது. மேல நாலு கீழ ஆறுன்னு கோணுனா மட்டும், பேருகூடத் தெரியாதவன் வந்து, "என்னமோ ஒரு மாதிரி இருக்குதே"ன்னுட்டுப் போயிருவான்.

எல்லாம் எடத்துல நின்னுச்சுன்னா, கழட்டறதுக்கு முந்தி ஒவ்வொரு கீலுக்கும் ரெண்டு எடத்துல கீலையும் பாடியையும் சேத்து மூணு மில்லி ஓட்டை போட்டு வை. பெயிண்டு அடிச்சு வந்த பொறவு அந்த டிரில் பிட்டையே ஆணியாச் சொருகுனா கதவு பழைய எடத்துலயே வந்து ஒக்காரும். ஆயிரம் போட்டோ புடிச்சயே, அந்த ரெண்டு ஓட்டை பண்ற வேலையை அதுல ஒன்னுகூடப் பண்ணாது.

ஆகட்டும். பெயிண்டுக்காரனுக்குப் போனைப் போட்டுத் தேதியத் தள்ளி வை. முன்பணத்தைத் திருப்பிக் கேக்காத, தரமாட்டான். வண்டிய எறக்கி, எஞ்சினை ஏத்தி, கதவு ரப்பரையும் ஒட்டிட்டு ஒரு நாள் அம்மிணிய ஒரு பக்கமும் உன்ற சிநேகிதன் அந்தத் தொப்பைக்காரனை இன்னொரு பக்கமும் ஒக்கார வெச்சுக் கதவைச் சாத்திப் பாரு. சாத்துச்சுன்னா உடனே கூப்புடு, வந்து பாக்கறன். சாத்தலைன்னா, நான் ஊருக்குப் பிளேன் ஏறுன பொறவு சொல்லு.